கியோட்டோவில் நான்கு வாரப் பண்பாட்டுப் பயிற்சி: பதினாறு வயது மகளை எப்படித் தயார்ப்படுத்துவது?

கேள்வி: மயிலாப்பூர் அம்மா

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடித்திருக்கும் என் மகள், வரும் ஜூலை மாதம் ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒரு குடும்பத்தோடு நான்கு வாரம் தங்கி, காலையில் மொழியும் பிற்பகலில் தேநீர்ச் சடங்கும் தூரிகை எழுத்தும் பயிலும் கோடைகாலத் திட்டம் ஒன்றுக்குத் தேர்வாகியிருக்கிறாள். நமக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களிலும் அவர்களுக்கு ஜூலை பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரையிலும் வருவதால், பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கிய கையோடு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது; பள்ளியில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டோம்.

என் கவலை வேறு. நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவக் குடும்பம். அவளுக்கு அவ்வப்போது இளைப்பு வருவதால் இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும். என்னை விட்டு இதுவரை இரண்டு நாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை. பெட்டியில் இப்போதே இரண்டு கம்பளிச் சட்டை, பருப்புப் பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை, சளி மாத்திரை என்று அடுக்கத் தொடங்கிவிட்டேன். எதை வைப்பது, எதை எடுப்பது, அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஒசாகாவில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்

சகோதரி, முதலில் அந்தக் கம்பளிச் சட்டைகளை வெளியே எடுத்துவிடுங்கள். கியோட்டோ மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தில் அமைந்த ஊர். ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம் நீடிக்கும்; அது முடிந்ததும் வெப்பம் 35 பாகையைத் தாண்டும், காற்றும் அசையாது. நம் சித்திரை வெயிலும் ஐப்பசிப் புழுக்கமும் ஒருசேர வந்தது போலிருக்கும். மெல்லிய பருத்தி உடைகளும், சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய காலணியும், ஓட்டையில்லாத காலுறைகளும் போதும். வீட்டு வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும், பாய் விரித்த அறைக்குள் செருப்போடு நுழையக் கூடாது என்பதெல்லாம் நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. கழிவறைக்கென்று தனிச் செருப்பு இருக்கும். அதை மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்லி வையுங்கள்.

குளியலைப் பற்றி அவசியம் பேசிவிடுங்கள். தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் குளித்த பிறகுதான் வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். அந்த நீரிலேயே வீட்டார் அனைவரும் ஒருவர் பின் ஒருவராக அமர்வார்கள் என்பதால், எழுந்ததும் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது. தொட்டியில் இறங்க விருப்பமில்லையென்றால் வெளியே குளித்துவிட்டு வந்துவிடலாம்; யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அங்கே மின்சாரம் 100 வோல்ட், இரண்டு தட்டை முனை கொண்ட செருகி. கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்கள் தகவமைப்பியோடு வேலை செய்யும். நம் ஊர் மின்கெண்டியைக் கொண்டுபோவதில் பயனில்லை. பதினாறு வயது நிறைந்த வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். உங்கள் மகளுக்கு அது பொருந்தும் என்பதால் கழுத்தில் மாட்டும் சிறு பை ஒன்று வாங்கிக்கொடுங்கள். அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 119.

பதில்: கோவையிலிருந்து ஒரு தாய்

என் மகளும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு திட்டத்தில் சென்று வந்தாள். விண்ணப்பத்தில் “சைவம்” என்று எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று நம்பிவிட்டேன். அங்கே மிசோ சூப், வேகவைத்த காய், நூடுல்ஸ் குழம்பு என்று எல்லாவற்றுக்கும் அடிப்படை “தாஷி” என்னும் சாறு; பெரும்பாலும் உலர்த்திச் சீவிய மீனிலிருந்து எடுப்பது. மீன் துண்டு கண்ணில் படாவிட்டால் அது சைவம் என்றே பலரும் கருதுகிறார்கள். அந்த வீட்டு அம்மா நாள்தோறும் அன்போடு சமைத்துத் தந்ததைப் பத்து நாள் சாப்பிட்ட பிறகு, அடுக்களையில் மெல்லிய மரச்சீவல் போன்ற ஒன்றை அவர் பாத்திரத்தில் தூவுவதைப் பார்த்து, அது என்னவென்று கேட்டிருக்கிறாள். அன்று இரவு தொலைபேசியில் அவள் அழுதாள். உண்மையை அறிந்ததும் அந்த அம்மாவும் கண் கலங்கினாராம். இருவர் மீதும் பிழையில்லை. திட்டத்தை நடத்தியவர்கள் ஒரு சொல்லோடு விட்டார்கள். நானும் தொடர்ந்து கேட்கவில்லை.

ஆகவே, எதையெல்லாம் உண்ண மாட்டாள் என்பதை வரி வரியாக ஜப்பானிய மொழியில் எழுதி அந்தக் குடும்பத்துக்கே அனுப்பச் செய்து, அவர்கள் படித்ததாகப் பதில் வரும்வரை விடாதீர்கள். அதைவிட முக்கியமாக, “நிகு மோ, சகானா மோ, கட்சுவோ தாஷி மோ தாபெராரெமாசென்” என்று அவளே தயங்காமல் சொல்லப் பழக்குங்கள். இறைச்சியும் மீனும் மீன் தாஷியும் உண்ண இயலாது என்பது பொருள். முட்டைக்கு “தமாகோ மோ” என்று சேர்த்துக்கொள்ளலாம். கொம்பு என்னும் கடற்பாசியிலும் ஷிதாகே காளானிலும் எடுக்கும் தாஷி உண்டு என்பதால் மாற்று வழி கையருகிலேயே இருக்கிறது. கியோட்டோவின் ஜென் ஆலயங்களில் “ஷோஜின் ர்யோரி” என்ற துறவியர் உணவு மரபு இன்றும் இருக்கிறது. டோஃபுவுக்கும் பாலாடை போல் சோயாப் பாலில் எடுக்கும் யூபாவுக்கும் அந்த ஊர் பெயர் பெற்றது. என் மகள் மீதி நாட்களை நன்றாகவே கழித்தாள்.

பதில்: திருச்சி மருந்தாளுநர்

அம்மா, மருந்துப் பையை எனக்காக ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நாம் சாதாரணமாக வாங்கும் சளி மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்துக்கு மேல் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம். கோடீன் கலந்த இருமல் மருந்தையும் தவிர்த்துவிடுங்கள். மருத்துவர் எழுதித்தந்த மருந்தை ஒரு மாதத் தேவை அளவுக்கு முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பயணத்துக்கு முன்பே சான்று பெற வேண்டும். நான்கு வாரத்துக்கு இன்ஹேலர் அந்த அளவுக்குள் அடங்கும். மருந்தின் மூலப்பெயரும் அளவும் நோயின் பெயரும் குறித்த ஆங்கிலக் கடிதத்தை மருத்துவரிடம் வாங்கி, இன்ஹேலரோடு கைப்பையில் வையுங்கள். ஏற்றும் பெட்டியில் போடாதீர்கள்.

கறிவேப்பிலை வேண்டாம். தாவர நலச் சான்று இல்லாத பச்சை இலையும் பழமும் விமான நிலையத்திலேயே பறிமுதலாகும். வறுத்து அரைத்த பொடியை முத்திரையிட்ட பொட்டலமாக வைத்து, கேட்டால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பதில்: சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிப்பவர்

மொழியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். இருக்கும் பத்து வாரத்தில் ஹிராகனா, கதகனா என்னும் இரண்டு எழுத்து வரிசைகளையும் கட்டாயம் முடித்துவிடலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாக்கிய அமைப்பு தடையாக இருப்பதில்லை. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு போன்ற சொல் பெயருக்குப் பின்னால் வருகிறது. நான் முதல் வகுப்பில் சொல்லித்தருவது “இத்தெகிமாஸு” என்ற சொல்லைத்தான். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் சொல்வது. சொல்லுக்குச் சொல் “போய்விட்டு வருகிறேன்” என்றே பொருள். வீட்டிலிருப்பவர் “இத்தெராஷாய்” என்பார், போய்விட்டு வா என்று. “போகிறேன்” என்று மட்டும் சொல்லக் கூடாது என வளர்ந்த பெண்ணுக்கு அதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை.

தேநீர் வகுப்பில் வஜ்ராசனம் போல் குதிகாலின் மேல் நெடுநேரம் அமர வேண்டியிருக்கும். சம்மணமிட்டுப் பழகிய காலும் அதில் மரத்துப்போகும். இன்றிலிருந்தே நாள்தோறும் பத்து நிமிடம் உட்காரட்டும். சாப்பாட்டின்போது குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கவோ, குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றவோ கூடாது. இரண்டும் இறுதிச் சடங்கில் செய்பவை.

அந்தக் குடும்பத்துக்கு என்ன பரிசு கொடுப்பது என்று நீங்கள் இன்னும் யோசிக்கவில்லை போலும். எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) டச்சுக் கப்பல்கள் வழியாகச் சோழமண்டலக் கரையின் கோடு போட்ட பருத்தித் துணி ஜப்பானுக்குப் போனது. அதை அவர்கள் “சாந்தோமே-ஜிமா” என்று அழைத்தார்கள். “ஜிமா” என்றால் கோடு. சாந்தோமே உங்கள் மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான். ஜூலை 17 அன்று கியோட்டோவில் நடக்கும் கியோன் திருவிழா ஊர்வலத்தில் தேர்களைப் பழைய வெளிநாட்டுத் துணிகளால் அலங்கரித்து இழுப்பார்கள். அதைப் பார்க்கப் போகும் வீட்டுக்கு ஒரு கைத்தறிக் கோட்டுத் துண்டைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை.

மயிலாப்பூர் அம்மா

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கம்பளிச் சட்டைகள் பரணுக்குப் போய்விட்டன. மாத்திரை அட்டைகளைப் பிரித்துப் படித்ததில் ஒன்றில் சூடோஎபெட்ரின் இருந்தது, அதை எடுத்துவிட்டேன். உணவுப் பட்டியலை மகளே எழுதி, திட்டத்தாருக்கு அனுப்பியிருக்கிறாள். குடும்பத்திடமிருந்து பதில் வந்தால்தான் பயணச்சீட்டு எடுப்போம் என்றும் குறிப்பிட்டிருக்கிறோம். சாந்தோம் பேராலயத்திலிருந்து நடக்கும் தொலைவில்தான் எங்கள் வீடு. இத்தனை ஆண்டுகளில் இந்தச் செய்தி காதில் விழுந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத் துண்டு வாங்கப் போகிறோம்.