கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட் சொல்வதில் எதை நம்பலாம்? பெங்களூர் நடை, ஓட்டக்காரர்களின் அனுபவப் பகிர்வு

அல்சூர் ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

“வாங்கினேன், சூப்பர்” ரகப் பதிவுகள் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கே அது வேண்டாம். எந்த எண் எங்கே தப்புகிறது, ஏன் தப்புகிறது, என்ன செய்தால் வழிக்கு வருகிறது, அவ்வளவுதான். ஸ்டெப்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பேண்டுக்குள் இருப்பது மூன்று திசை அசைவை அளக்கும் ஆக்சிலரோமீட்டர் சில்லு. காலை அது பார்ப்பதே இல்லை. கை வீச்சை வைத்துக் காலை ஊகிக்கிறது. ஆகவே கை வீசாத நடை அதன் கணக்கில் நடையே அல்ல. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி, குழந்தை வண்டி, இரண்டு கையிலும் காய்கறிப் பை, டிசம்பர் காலையில் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள் போன கை, டிரெட்மில் கைப்பிடி எல்லாமே இந்த வகை. இந்த நேரங்களில் பேண்டைக் கழற்றிக் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகிவிடும்.

சோதிப்பது சுலபம். தட்டையான பாதையில் வலது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணுங்கள். 250 வந்தால் 500 அடி. நின்றதும் திரையைப் பார்க்காதீர்கள், எண் ஏறி முடிய பத்து வினாடி கொடுங்கள். 485-க்கும் 515-க்கும் நடுவில் இருந்தால் அந்தக் கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு அதே 500 அடியை வேடிக்கை பார்த்தபடி மெதுவாக நடந்து பாருங்கள். பேண்டுகள் கோட்டை விடுவது இங்கேதான், குலுங்கல் குறைந்துவிடுவதால். வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்குவதானால் இந்த இரண்டாவது சோதனையில் தேறியதை வாங்குங்கள்.

ராஜாஜிநகர் ஆறு மணி

அண்ணா சொன்னது எண்ணிக்கை குறையற கதை. ஏறுற கதையும் இருக்கு. சப்பாத்தி தேய்க்கறது, தேங்காய் துருவறது, பஜனையில கைதட்டறது எல்லாமே தாளம் பிசகாத அசைவு. பேண்டைப் பொறுத்தவரை அதுவும் நடைதான். அதைவிட நம்ம ஊர் ரோடு! ஸ்கூட்டர் ஹேண்டில்பார் அதிர்வு மணிக்கட்டுக்கு நேரா ஏறுது. சில்க் போர்டு வரைக்கும் போய் இறங்கினதும் ஸ்டெப்ஸைப் பாருங்க, வழியில எத்தனை குழின்னு ஓரளவு தெரிஞ்சுடும். ஒரு வாரம் வண்டி ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணைக் குறிச்சு, சராசரியைக் கழிச்சுக்குங்க. வேற நல்ல வழி இல்ல.

செட்டிங்ல “இடது கை”ன்னு இருந்தா வலது கையில கட்டாதீங்க. அதிகம் வேலை செய்யற கைக்கும் மற்ற கைக்கும் சில பேண்டுகள் வேற வேற கணக்கு வெச்சிருக்கும்.

அப்புறம் இந்த 10,000. அது டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு இல்ல. 1965-ல ஜப்பான்ல வித்த ஒரு அடி எண்ணும் கருவியோட பேரு, “மான்போ-கேய்”. பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். 2019-ல அமெரிக்காவுல சராசரி 72 வயசுள்ள 16,741 பெண்களை வெச்சு வந்த ஆய்வுல, நாளுக்கு 2,700 அடி நடந்தவங்களைவிட 4,400 அடி நடந்தவங்களுக்கு இறப்பு விகிதம் நல்லாவே குறைஞ்சிருந்துச்சு. 7,500-க்கு மேல போனா பெருசா வித்தியாசம் இல்ல. ராத்திரி பதினோரு மணிக்கு ஹால்ல குறுக்கும் நெடுக்குமா நடக்கறவங்க இதைப் படிக்கட்டும்.

கப்பன் பார்க் ஞாயிறு

இதயத் துடிப்புக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் மின்னும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் இறங்குகிறது, ரத்தம் உறிஞ்சியது போக மீதி திரும்பி வருகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் அங்கே ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பும் வெளிச்சமும் அலை அலையாக வரும். அந்த அலையை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. உட்கார்ந்திருக்கும்போது ஏறத்தாழ எல்லாக் கருவியும் நன்றாகவே எண்ணும். கழுத்தில் விரல் வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கிப் பாருங்கள், இரண்டு மூன்றுக்கு மேல் வித்தியாசம் வராது. (மலிவான சில பேண்டுகளை வாழைப்பழத்தில் கட்டினாலும் 70, 80 என்று துடிப்பு காட்டும். துடிப்பு இல்லை என்று சொல்லத் தெரியாமல், கிடைத்த சலசலப்பில் ஒரு தாளத்தைத் தேடிப் பிடிக்கும்.)

ஓடும்போது நடப்பதும் இதேதான். ஒவ்வொரு அடிக்கும் பேண்ட் தோல்மேல் ஒரு குதி குதிக்கிறது, அதுவும் வெளிச்சத்தில் ஓர் அலை. நிமிடத்துக்கு 165 அடி ஓடுகிறீர்கள், இதயம் 138 துடிக்கிறது என்றால், சென்சார் வலுவான அலையைப் பிடித்துக்கொண்டு 165 என்று காட்டும். மென்மையான ஓட்டத்தில்கூட “ஸோன் 5” (துடிப்பை ஐந்து படியாகப் பிரித்ததில் உச்சப் படி) என்று வாட்ச் அலறுவதற்கு முக்கியக் காரணம் இது. கண்டுபிடிக்க வழி உண்டு. அந்த நேரத்தில் சட்டென்று நில்லுங்கள். உண்மையான துடிப்பு படிப்படியாகத்தான் இறங்கும். 165-லிருந்து நாலைந்து வினாடியில் 138-க்கு விழுந்தால், அதுவரை காட்டியது உங்கள் இதயத்தை அல்ல, ஷூவை.

குறைக்கலாம். பேண்டை மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் மேலே ஏற்றுங்கள். எலும்பின் மேல் இருந்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும். தோல் கூடவே நகர்கிற அளவுக்கு இறுக்கம் வேண்டும், விரல் மரத்துப்போகிற அளவுக்கு அல்ல. ஓடி முடித்ததும் ஒரு துளை தளர்த்திவிடுங்கள். டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் தோலுக்கு ரத்தம் குறைவாக வரும், முதல் பத்து நிமிட எண்ணை நம்ப வேண்டாம். வீட்டிலேயே கொஞ்சம் உடம்பைச் சூடேற்றிவிட்டுக் கிளம்பினால் நல்லது. மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தால் அடுத்த கைக்கு மாற்றுங்கள். மை வெளிச்சத்தை விழுங்கிவிடும். பச்சைக்கும் பச்சைக்கும் ஆகாது.

இன்னொன்று, தாமதம். மணிக்கட்டு சென்சார் பல வினாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. 30 வினாடி வேகம், 30 வினாடி நடை என்று இன்டர்வெல் செய்பவர்களுக்கு, வேக ஓட்டம் முடிந்து நடக்கும்போதுதான் எண் உச்சிக்கு ஏறும். அதற்கு மார்பில் கட்டும் ஸ்ட்ராப்தான் சரி. அது வெளிச்சத்தை நம்புவதில்லை, இசிஜி போல இதயத்தின் மின் துடிப்பையே எடுக்கிறது. அதிலும் ஒரு வினை உண்டு. ரப்பர் பட்டை காய்ந்திருந்தால் முதல் சில நிமிடம் 200, 210 என்று தாறுமாறாகக் குதிக்கும். கட்டும் முன் பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனையுங்கள். முடித்ததும் நடுவில் இருக்கும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். ஈரப்பட்டையோடு விட்டால் இன்னும் மார்பில் இருப்பதாக நினைத்து விழித்துக்கொண்டே இருக்கும், பட்டன் செல் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மல்லேஸ்வரம் ஜிம்

எடை தூக்குகிறவர்கள் மணிக்கட்டு அளவை மறந்துவிடலாம். கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசை புடைத்து ரத்த ஓட்டம் மாறுகிறது, மணிக்கட்டும் மடங்குகிறது. புஷ்-அப் செய்யும்போது 90, எழுந்து தண்ணீர் குடிக்கும்போது 140 என்று காட்டுவது இதனால்தான். முழங்கைக்கு மேலே கட்டும் சென்சார் பட்டை தேவலை.

பானஸ்வாடி புதுசு

பி.பி. மாத்திரை சாப்பிடறவங்களுக்கு வாட்ச் காட்டற ஸோன் பொருந்துமா சார்?

கப்பன் பார்க் ஞாயிறு

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்டோபுரோலால், அடினோலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை இதயத் துடிப்புக்கே பிரேக் போடும். மூச்சு வாங்க நடந்தாலும் எண் 105-ஐத் தாண்டாமல் போகலாம். வாட்ச் அதை “லேசான பயிற்சி” என்று எழுதும். இன்னும் வேகமாகப் போகச் சொல்லி அது தூண்டினால் கேட்காதீர்கள். பேசிப் பாருங்கள். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான பயிற்சி. எவ்வளவு வரை போகலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மாத்திரை இல்லாதவர்களுக்கும் ஸோன் என்பது ஊகம்தான். பல கருவிகள் 220-லிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பு என்று வைத்துக்கொள்கின்றன. 60 வயதுக்கு அது 160. 2001-ல் வந்த தனாகா சூத்திரத்தில் (208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது) 166 வரும். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடும் குறையும். செட்டிங்கில் ஓய்வுத் துடிப்பையும் சேர்த்துக் கணக்கிடும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உச்சம் 176, ஓய்வு 62 என்றால் இடைவெளி 114. அதில் 60 சதவீதம் 68, ஓய்வுத் துடிப்பைச் சேர்த்தால் 130. மிதமான பயிற்சியின் மேல் எல்லை ஏறத்தாழ அங்கேதான்.

சிவாஜிநகர் டயட்

கலோரி பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை, நல்லது. இருப்பதிலேயே மோசமான எண் அதுதான். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேரை வைத்து ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள். கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறு, மோசமானது 93 சதவீதம். கருவிகள் அதற்குப்பின் மாறிவிட்டன, ஆனால் துடிப்பிலிருந்து எரிசக்தியை ஊகிப்பதில் இருக்கும் சிக்கல் மாறவில்லை. காபி குடித்தாலும், மேலாளர் கத்தினாலும், வெயிலில் நின்றாலும் துடிப்பு ஏறும். கலோரி எரியாது.

காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மணிக்கு 5 கி.மீ. நடை ஏறத்தாழ 3.5 மெட், அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல 3.5 மடங்கு எரிசக்தி. 70 கிலோ ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் 3.5 × 70 = 245 கிலோகலோரி. சும்மா உட்கார்ந்திருந்தாலே 70 போயிருக்கும். ஆக நடையால் வந்த லாபம் 175. பேண்ட் 245-ஐக் காட்டினாலும் பொய் இல்லை, அது மொத்தக் கணக்கு. ஆனால் அதை நம்பி “இன்று 245-க்குச் சாப்பிடலாம்” என்று போனால் கணக்கு உதைக்கும். வெண்ணெய் மிதக்கும் ஒரு மசால் தோசையே அந்த 175-ஐத் தாண்டிவிடும். செயலியில் “ஆக்டிவ்”, “டோட்டல்” என்று இரண்டு இருந்தால் ஆக்டிவை மட்டும் பாருங்கள். எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள், வாங்கிய அன்று போட்ட எடையிலேயே பெரும்பாலோர் ஓட்டுகிறார்கள்.

இந்திராநகர் 10கே

தூரம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சிக்னல் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தால், வந்த வழி நீளமாகி இடம் தள்ளிப்போகும். எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ பாலத்துக்கு அடியில் ஓடினால் வரைபடத்தில் கோடு கடைகளுக்குள் நுழைந்து வெளியே வரும். கப்பன் பார்க்கில் மூங்கில் புதர்ப் பக்கமும் இப்படித்தான். நெளிந்த கோடு நேர்கோட்டைவிட நீளம், அதனால் தூரம் கூடும். எல்1, எல்5 என இரண்டு அலைவரிசை பிடிக்கும் வாட்ச் இதைக் கணிசமாகக் குறைக்கும், பேட்டரியும் வேகமாகத் தீரும்.

கிளம்பும் முன் திறந்த வானத்தில் நின்று சிக்னல் பிடித்தபின்னும் அரை நிமிடம் பொறுங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் இருக்கும் இடத்தை அனுப்பி முடிக்க 30 வினாடி எடுத்துக்கொள்கிறது.

2008 முதல் இங்கே நடக்கும் வேர்ல்ட் 10கே போன்ற பந்தயங்களில் வாட்ச் 10.15 காட்டினால் பாதை தப்பு என்று சண்டைக்குப் போகாதீர்கள். பாதையை அளப்பது வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில். நாம் கூட்டத்தோடு வெளிப்பக்கமாக வளைகிறோம்.

ஜிபிஎஸ் இல்லாத பேண்டுக்கு அடி நீளத்தை நீங்களே கொடுங்கள். 400 மீட்டர் தடத்தில் உள் ஓரமாக ஒரு சுற்று. 560 அடி வந்தால் 71.4 செ.மீ. இரண்டாம் தடத்தில் நடந்தால் சுற்றுக்கு 7.7 மீட்டர் கூடிவிடும், கவனம்.

நந்தி சைக்கிள்

உயரம் காட்டும் வாட்ச்களில் இருப்பது காற்றழுத்தமானி. நம் ஊர் உயரத்தில் ஒரு ஹெக்டாபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் 9 மீட்டர் ஏறியதாக எடுத்துக்கொள்ளும். நம் ஊர்ப் பக்கத்தில் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சம், மாலை நாலு மணி வாக்கில் அடிமட்டம், நடுவில் மூன்று ஹெக்டாபாஸ்கல் போல வித்தியாசம். நாற்காலியை விட்டு எழாமலே வாட்ச் 25 மீட்டர் ஏறிவிடும். கிளம்பும் முன் திருத்திக்கொள்ளுங்கள். ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும், அதைவிட நம்பகமான இலவச அளவு கிடையாது.

ராஜாஜிநகர் ஆறு மணி

தூக்கம்?

கப்பன் பார்க் ஞாயிறு

படுத்த நேரம், எழுந்த நேரம் சரியாக இருக்கும். அசையாமல் விழித்துக் கிடந்தால் அதையும் தூக்கம் என்றே எழுதும். ஆழ்தூக்கம், கனவுத்தூக்கம் என்று நிமிடக் கணக்கில் பிரிப்பதை ராசிபலன் படிப்பதுபோல் படியுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை

மழைக்காலத்தில் ஸ்ட்ராப்புக்கு அடியில் அரிப்பு வருவதாகப் பலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் பேண்ட் ஒவ்வாமை அல்ல, அடியில் தங்கும் வியர்வையும் சோப்பும். கழற்றிப் பச்சைத் தண்ணீரில் அலசி, தோலும் பட்டையும் நன்றாகக் காய்ந்தபின் கட்டுங்கள், ஓட்டம் இல்லாத நேரத்தில் கையை மாற்றுங்கள். சார்ஜ் ஏறாமல் போனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன் பின்பக்க உலோகப் புள்ளிகளைப் பாருங்கள். வியர்வை உப்பு படிந்திருக்கும். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்து, பத்து நிமிடம் காயவிட்டு, பிறகு சார்ஜரில் வையுங்கள்.