வாசிப்பு வட்டத்தின் இணையவழிக் கூட்டத்தை நிறுத்திவிடலாமா?

காவிரிக்கரை வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் நாங்கள் நடத்தும் சிறிய வாசிப்பு வட்டம், மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று ஒரு நூலகத்தின் மாடியில் கூடி, குறுந்தொகையிலிருந்து இரண்டு பாடல்களைப் படித்துப் பேசி வந்தது. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததும் ஜூம் செயலிக்கு மாறினோம். கட்டணமில்லாக் கணக்கில் 40 நிமிடங்களில் கூட்டம் தானாகவே முடிந்துவிடும் என்பதால், வாரம் ஒரு பாடல் என்று வைத்துக்கொண்டோம். தற்காலிகம் என்று தொடங்கியது இன்றுவரை நடக்கிறது.

இப்போது மூத்த உறுப்பினர்கள் சிலர், மாடிக்கே திரும்பிவிடலாம், திரையில் தெரியும் தலைகளோடு பேசுவது ஒரு கூட்டமா என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் முழங்கால் வலியால் படியேற முடியாத இருவரும், மறதி நோயுள்ள மாமியாரைத் தனியே விட்டுவர இயலாத ஒருவரும், பிள்ளைகளோடு வெளிநாட்டில் தங்கிவிட்ட நால்வரும் இந்த ஞாயிறு மாலையை விட்டால் எங்களை வேறெங்கும் சந்திக்க முடியாது. இதில் உண்மையிலேயே பயன் இருக்கிறதா, அல்லது பழகிப்போனதால் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோமா?

டொராண்டோவிலிருந்து ஒருவர்:

அம்மா, நீங்கள் சொல்லும் அந்த நால்வரைப் போன்றவன் நான். வேறொரு ஊரின் வட்டத்தில் இருக்கிறேன். உங்கள் ஞாயிறு மாலை 7 மணி எங்களுக்குக் குளிர்காலத்தில் காலை 8.30, மார்ச் இரண்டாவது ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை முன்தள்ளிய பிறகு 9.30. நவம்பர் முதல் ஞாயிறன்று அது மறுபடி பழைய நேரத்துக்குத் திரும்பும். அந்த நாளை மறந்து ஒரு முறை, எல்லோரும் விடைபெற்றுக்கொண்டிருந்தபோது காப்பியோடு உள்ளே நுழைந்தேன்.

என் வீட்டில் தமிழ் பேசுவதற்கு என் மகளைத் தவிர ஆளில்லை. அவளும் வேலை முடிந்து வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் படுத்துவிடுவாள். பேரன்களுக்குச் சமையலறைத் தமிழ் மட்டும் புரியும். வாரத்தில் ஒரு நாள் ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று சண்டை போட ஆள் கிடைப்பதை வாட்ஸப்பில் வரும் காலை வணக்கங்கள் ஈடுசெய்ய முடியாது. போன மாதம் நான் இரண்டு வாரம் வராதபோது, உடம்பு சரியில்லையா என்று கேட்டு வட்டத்திலிருந்து மூன்று பேர் அழைத்தார்கள். ஆள் வரவில்லை என்பதைக் கவனிக்க ஒரு கூட்டம் தவறாமல் நடந்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா?

தேவாரம் கற்பிப்பவர்:

இசை வகுப்பு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இணையத்தில் சேர்ந்து பாட முடியாது. ஒலி போய்ச் சேரும் சிறு தாமதமே தாளத்தைக் குலைத்துவிடும். சுருதிப்பெட்டியின் தொடர்ந்த ஒலியைத் தேவையற்ற இரைச்சல் என்று எண்ணிச் செயலி அமுக்கிவிடும். ஒலி அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அது கேட்கத் தொடங்கியது. ஆகவே நான் ஒரு அடி பாட, மாணவர்கள் ஒலியை அணைத்துவிட்டுத் தத்தம் வீட்டில் திருப்பிப் பாடி, பிறகு ஒவ்வொருவராகப் பாடிக் காட்டுகிறார்கள்.

இதில் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. நேரடி வகுப்பில் கூட்டத்தோடு கோவிந்தா போட்டுத் தப்பித்து வந்தவர்களுக்கு இங்கே ஒளிய இடமில்லை. நான்கு ஆண்டுகளாகப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மையாருக்கு எவ்வளவு நல்ல குரல் என்பதை நான் இணைய வகுப்பில்தான் அறிந்தேன். உங்கள் வட்டத்திலும் மாடியில் வாய் திறக்காதவர்கள் திரையில் பேசுகிறார்களா என்று பாருங்கள்.

நேர்ப்பேச்சுக்காரன்:

எனக்கு உடன்பாடில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில், காணொலிக் கூட்டம் ஏன் களைப்பூட்டுகிறது என்பதற்குச் சில காரணங்களை முன்வைத்தார்: அளவுக்கு மீறிய நெருக்கத்தில் பல கண்கள் நம்மையே பார்ப்பது, ஓயாமல் நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் ஒரே இடத்தில் அமர்ந்திருப்பது, தலையசைப்பு போன்ற குறிப்புகளைத் தெரிவிக்கவும் அறியவும் கூடுதலாக முயல வேண்டியிருப்பது. மேலும், கூட்டம் முடிந்து படியிறங்கும்போதும் டீக்கடையிலும் நடக்கும் பேச்சுதான் எங்கள் ஊர்க் கூட்டத்தின் உயிர். ஜூமில் பொத்தானை அழுத்தியதும் எல்லாம் இருண்டுவிடுகிறது.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். படியேற முடியாதவரிடம் போய் நேர்ச்சந்திப்பின் பெருமையைப் பேசுவது அழகல்ல. உங்கள் முகம் உங்களுக்கே தெரியாதபடி மறைக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்யுங்கள், பாதிக் களைப்பு போய்விடும்.

காவிரிக்கரை வாசகி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தேவார ஆசிரியர் ஐயா கேட்டதை எண்ணிப் பார்த்தேன். மாமியாரைக் கவனித்துக்கொள்ளும் அந்தப் பெண்தான் இப்போது அதிகம் பேசுகிறார். இன்னொரு கணக்கும் போட்டேன். குறுந்தொகைப் பாடல்கள் 401. மாதத்துக்கு இரண்டு என்றால் முடிக்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல். வாரத்துக்கு ஒன்று என்றால் எட்டு ஆண்டுகளுக்குள் முடிந்துவிடும். எழுபதைக் கடந்தவர்கள் நிறைந்த வட்டத்துக்கு இந்த வேறுபாடு சிறியதல்ல.

எனவே இரண்டாவது ஞாயிறு மாடியில், மற்ற ஞாயிறுகள் ஜூமில் என்று சொல்லிப் பார்க்கப்போகிறேன். மாடிக் கூட்டத்தையும் இணையத்தில் காட்ட ஒரு முறை மேசை நடுவில் கைப்பேசியை வைத்தோம்; வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு மின்விசிறி மட்டும் நன்றாகக் கேட்டதாம். இதற்கு வழி உண்டா?

தேவாரம் கற்பிப்பவர்:

உண்டு. நூல் படிப்பவரின் சட்டையில் குத்தும் சிறிய கம்பி மைக்கைக் கைப்பேசியில் செருகிவிட்டு, பேச விரும்புபவரிடம் அதைக் கைமாற்றுங்கள். கும்பகோணத்துச் சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் உங்கள் வட்டம் அன்றே கலைந்துவிடும்.