ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு கோடிங்கில் ஆர்வம் வர என்ன செய்யலாம்?

செம்பூர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். பையன் ஐந்தாவது படிக்கிறான். பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் இருக்கிறது. மானிட்டர், மவுஸ், கம்ப்யூட்டரின் தலைமுறைகள் என்று மனப்பாடம் செய்து எழுதுவதோடு சரி. போன வாரம் எங்கள் சொசைட்டியில் ஒரு கோடிங் வகுப்புக்காரர்கள் டெமோ நடத்தினார்கள். இந்த வயதில் ஆரம்பிக்காவிட்டால் பையன் பின்தங்கிவிடுவான் என்றார்கள். கேட்ட கட்டணம் எங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டுகிறது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை.

நானும் அவன் அப்பாவும் காமர்ஸ் படித்தவர்கள், கோடிங் ஒரு எழுத்து தெரியாது. வீட்டில் லேப்டாப் இல்லை, போன்தான். அவனுக்கு உயிர் என்றால் மும்பை லோக்கல் ரயில். முலுண்டில் தாத்தா வீட்டுக்குப் போகும்போது குர்லாவில் வண்டி மாறுவோம், அதற்குள் எது ஃபாஸ்ட், எது ஸ்லோ, எது எங்கே நிற்கும் என்று எனக்குப் பாடம் எடுத்துவிடுவான். இவனுக்கு புரோகிராமிங் பிடிக்க வைக்க எங்கிருந்து தொடங்கலாம்? ஒன்றும் தெரியாத பெற்றோரால் முடியுமா?

பவாய் ஐடி:

மேடம், நான் பதினைந்து வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். நேராக பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியை ஆரம்பித்துவிடுங்கள், பின்னாடி வேலைக்கும் அதுதான் உதவும். நல்ல வகுப்பாகக் கிடைத்தால் சேர்ப்பதிலும் தப்பில்லை, வீட்டில் ஒழுங்காக உட்காரமாட்டார்கள். செலவு வேண்டாம் என்றால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தைப் பாருங்கள். இலவசம். சின்னச் சின்ன வீடியோக்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. நீங்களும் கூட உட்கார்ந்து கேட்கலாம்.

சயான் டீச்சர்:

செம்பூர் அம்மா, முதலில் அந்த டெமோக்காரர்கள் கிளப்பிவிட்ட பயத்தை இறக்கி வையுங்கள். 2020 தேசியக் கல்விக் கொள்கையே கோடிங்கை நடுநிலை வகுப்புகளில், அதாவது ஆறாம் வகுப்பிலிருந்துதான் சொல்கிறது. உங்கள் பையன் ஐந்தாவதுதான். எதுவும் கைவிட்டுப் போகவில்லை. பெற்ற வயிற்றைக் கலங்கவைத்துப் பணம் வாங்குவது எனக்கு அறவே பிடிக்காத காரியம்.

நான் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். சாயங்காலம் சயான் கோலிவாடாவில் நம் பிள்ளைகள் சிலருக்குச் சும்மா சொல்லித் தருகிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: பிள்ளைக்கு ஏற்கெனவே பைத்தியமாக இருக்கும் விஷயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டர் அதற்குப் பின்னால் வரட்டும்.

ஒரு பெண். அப்பா சைக்கிளில் இட்லி வியாபாரம். விடியற்காலையில் கிளம்பிப் போய்விட்டு வருவார். ராத்திரி, எந்தக் கடைக்கு எத்தனை பிளேட், யார் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போடுவது அவள் வேலை. அவளுக்கு ஸ்க்ராட்ச் என்ற பிள்ளைகளுக்கான புரோகிராமிங் மொழியில், திரையில் வரும் பூனையை நடக்கவிடக் காட்டினேன், கொட்டாவி விட்டாள். 'உன் அப்பா கணக்கை இந்தப் பூனை போட்டால் எப்படி இருக்கும்?' என்று கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூனை 'எத்தனை பிளேட்?' என்று கேட்கும், எண்ணைத் தட்டினால் விலையால் பெருக்கிச் சொல்லும். அவ்வளவுதான் புரோகிராம். ஆனால் மறுநாளே அவளாக வந்து, 'டீச்சர், வடை விலை வேற, அதுக்கு என்ன பண்றது?' என்றாள். மாறி (விலை போன்ற ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்) என்றால் என்ன, நிபந்தனை ('இப்படி இருந்தால் இதைச் செய்') என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கவே இல்லை. வடைக்காக அவளே தேடி எடுத்துக்கொண்டாள். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு 'சரியா சொல்லுதே' என்றாராம். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவளை மெஷினிலிருந்து எழுப்புவதே பெரும்பாடு.

அதனால் உங்கள் பையனுக்கு ரயில்தான். ஸ்க்ராட்ச் எம்ஐடி மீடியா லேபில் உருவானது, 2007-இல் வெளிவந்தது, 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்காகவே செய்தது. இலவசம். கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றன் கீழ் ஒன்றாகக் கோத்தால் போதும். ஒரு கமா விட்டுப்போய் சிவப்பில் எரர் வருகிற தொல்லை கிடையாது. பவாய் சார் சொன்ன பைத்தான் நல்ல மொழிதான், நானும் பெரிய பிள்ளைகளுக்கு அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் ஆங்கிலத்தில் டைப் அடிக்கவே தடுமாறுகிற வயதில், எழுத்துப் பிழைக்காகத் திட்டு வாங்கினால் ஆசை அங்கேயே கருகிவிடும். ஒரு வருடம் போகட்டும் சார்.

முதல் வேலையாக ரயில் அறிவிப்பு செய்யச் சொல்லுங்கள். புரோகிராமை ஓடவிடும் பச்சைக் கொடியை அழுத்தினால் குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்த் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ராட்ச்சில் குரல் பதிவு செய்யும் வசதி உண்டு, 'அடுத்த நிலையம் செம்பூர்' என்று அவன் குரலிலேயே தமிழில் பேசட்டும். அது ஓடியதும் சென்ட்ரல் லைனுக்குப் போகலாம். ஃபாஸ்ட் என்றால் தாதர், குர்லா, காட்கோபரில் நிற்க வேண்டும், மாட்டுங்கா, சயானில் நிற்கக்கூடாது. 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்பதை அவன் பிளாட்பாரத்தில் நின்று உங்களுக்கே சொல்லிக்கொண்டிருக்கிறான். அதைக் கட்டைகளில் எழுதினால் புரோகிராம்.

உங்களுக்குக் கோடிங் தெரியாதது குறையே இல்லை. அவன் செய்ததை உட்கார்ந்து பாருங்கள். 'இது ஏன் இப்படிப் போகுது?' என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம், சொந்தக்காரர்கள் வந்தால் 'மாமாவுக்குச் செஞ்சு காட்டு' என்று நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, கோலம். இது எனக்கு மிகவும் பிடித்த பாடம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1967-இல் வந்த லோகோ என்ற மொழியில் சீமோர் பேப்பர்ட் ஓர் ஆமையைக் கொண்டுவந்தார். முன்னே போ, திரும்பு என்றால் கோடு போட்டுக்கொண்டே போகும். அதே ஆமை இன்று பைத்தானிலும் இருக்கிறது, ஸ்க்ராட்ச்சிலும் பேனா கட்டைகளை வைத்து வரையலாம். முக்கோணம் வரையச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் 60 டிகிரி திருப்புவார்கள், பள்ளியில் அப்படித்தானே படித்திருக்கிறார்கள். ஆனால் கோடு மூடாமல் எங்கோ போகும், விட்டால் அறுகோணம் வந்து நிற்கும். அப்போது அவர்களை எழுப்பி, தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, அதன் மேல் நடக்கவிடுவேன். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று காலே சொல்லிவிடும், 120. ஓடிப்போய் மாற்றுவார்கள். 144 கொடுத்தால் நட்சத்திரம் வரும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களிலேயே நம் கோலங்களை வைத்துக் கணினி இலக்கண ஆராய்ச்சி, அதாவது படங்களை விதிகளால் உருவாக்கும் ஆராய்ச்சி செய்தவர்கள். கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து 1974-இல் அவர்கள் எழுதிய கட்டுரை உலக அளவில் பெயர் பெற்றது. நம் வாசலில் இருக்கிற விஷயம் இது. உங்களுக்குக் கோலம் போடத் தெரியும்தானே? அப்போது அந்தப் பாடத்துக்கு நீங்கள்தான் அவனுக்கு டீச்சர்.

முலுண்ட் தாத்தா:

அம்மா, லேப்டாப்பைப் புதிதாக வாங்கிப் பணத்தைப் போடாதே. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோடு போனால் பழைய ஆபீஸ் லேப்டாப் கிடைக்கும். எஸ்எஸ்டி, அதாவது வேகமான சேமிப்பு டிஸ்க், இருக்கிறதா என்று கேள், சார்ஜரைக் கழற்றி பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அங்கேயே பார், பில் வாங்காமல் கிளம்பாதே. ஸ்க்ராட்ச்சை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். என் பேத்தி அப்படித்தான் செய்கிறாள். லேப்டாப்பைக் கூடத்தில் வை, அறைக்குள் வேண்டாம்.

செம்பூர் அம்மா:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தாத்தா சொன்னபடியே ஒரு பழைய லேப்டாப் வாங்கிவிட்டோம். பையன் ரயில் அறிவிப்பு செய்துவிட்டான். ஆனால் டீச்சர், ஒரு சிக்கல். எழுதியதைத் திரையில் காட்டும் 'சே' கட்டைகளில் எல்லா ஸ்டேஷன் பெயரும் வரிசையாகப் போட்டிருக்கிறான். கொடியை அழுத்தினால் கடைசியில் இருக்கிற மான்குர்த் மட்டும்தான் தெரிகிறது. லேப்டாப் பழசு என்பதால் இருக்குமா? முகம் வாடிப்போய் உட்கார்ந்திருக்கிறான்.

சயான் டீச்சர்:

லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை அம்மா. எல்லாப் பெயரையும் சொல்லத்தான் செய்கிறது, கண் பிடிக்க முடியாத வேகத்தில் சொல்லி முடித்துவிடுகிறது, அதனால் கடைசிப் பெயர் மட்டும் திரையில் நிற்கிறது. ஆனால் இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அவனையே ரயிலாக நிற்கவைத்து, நீங்கள் கட்டைகளை ஒவ்வொன்றாக வாசியுங்கள், மூச்சு விடாமல். 'அம்மா, ஸ்டேஷன்ல வண்டி நிக்கவே இல்லையே' என்று அவனே சொல்வான். அப்போது ஆரஞ்சு நிறக் கட்டைகள் பக்கம் கையைக் காட்டுங்கள், 'வெயிட்' என்று ஒன்று இருக்கும். எத்தனை விநாடி என்பதை அவனே முடிவு செய்யட்டும், குர்லாவில் நிறையப் பேர் இறங்குவார்கள்.

ஓடியதும் இங்கே எழுதுங்கள். அடுத்து ஃபாஸ்ட் வண்டிக்கு என்ன செய்வது என்று சொல்கிறேன்.