பெரிதாக்கும் ஐகப் மாட்டியும் மேனுவல் ஃபோகஸ் தவறுகிறது: நிக்கான் டி7000, 50 மிமீ 1.4

தாழம்பூ:

வணக்கம். ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது, தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது நிக்கான் டி7000. சித்தப்பா எஃப்எம்2 ஃபிலிம் கேமரா வைத்திருந்த காலத்தில் வாங்கிய, கையால் மட்டுமே ஃபோகஸ் செய்யும் 50 மிமீ எஃப்/1.4 ஏஐ-எஸ் லென்ஸ் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. எங்கள் ஆச்சி பனையோலைப் பெட்டி முடைவதைப் படமெடுக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆச்சிக்கு 81 வயது. திண்ணையில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து முடைவார், வெளிச்சம் குறைவு. அதனால் லென்ஸின் துளையை 1.4-இல் முழுதாகத் திறந்து வைத்துத்தான் எடுக்கிறேன், சுமார் ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து.

வியூஃபைண்டரில் கண் இமை தெளிவாகத் தெரியும்போதுதான் ஷட்டரை அழுத்துகிறேன். கணினியில் பார்த்தால் கண் மசமச என்று இருக்கிறது, காதிலிருக்கும் கம்மல் பளிச்சென்று இருக்கிறது. கல்லின் பட்டைகளைக்கூட எண்ணலாம்.

வியூஃபைண்டர் சிறியதாக இருப்பதுதான் காரணம் என்று நினைத்து, கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் மாட்டுகிற பெரிதாக்கும் ஐகப் டிகே-21எம் ஒன்றைப் பழையதாக வாங்கி மாட்டினேன். இப்போது படம் பெரிதாகத் தெரிகிறது, உண்மை. ஆனால் எல்லாம் லேசாகக் கலங்கினாற்போல இருக்கிறது, கீழே வரும் எண்களின் வரிசை பாதி மறைகிறது. ஃபோகஸும் முன்னைவிட மோசம். ஐகப் பழுதா, லென்ஸ் பழுதா, என் கண் பழுதா? நான் மூக்குக் கண்ணாடி போடுகிறவள், இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.75. ஆட்டோஃபோகஸ் லென்ஸ் போட்டால் படங்கள் நன்றாகவே வருகின்றன.

செங்காந்தள்:

தோழி, ஐகப் மாட்டிய பிறகு டயாப்டரைத் திருப்பினீர்களா? வியூஃபைண்டரை அவரவர் பார்வைக்கு ஏற்பச் சரிசெய்ய வலப்பக்கம் இருக்கும் சின்னக் குமிழ். முன்னால் கூடுதலாக ஒரு லென்ஸை வைத்துவிட்டால் பழைய அளவு ஒத்துவராது. அந்தக் கலங்கல் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எண்கள் மறைவது பழுதில்லை. டி7000-இல் கண்ணை 19.5 மிமீ தள்ளி வைத்தாலும் முழுச் சட்டமும் தெரியும்படி செய்திருக்கிறார்கள். பெரிதாக்கும் ஐகப் போட்டால் அந்த இடைவெளி குறைந்துவிடும், கண்ணைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். மூக்குக் கண்ணாடி அதற்கு இடம் கொடுக்காது. குமிழ் மைனஸ் 3 முதல் பிளஸ் 1 வரை போகும், உங்கள் பவருக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கலாம். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் எழுதியிருந்தால் மட்டும் அது உதவாது, அதைக் குமிழால் சரிசெய்ய முடியாது.

மணல்தேரி:

அக்கா, நானும் இதே டிகே-21எம் இரண்டு வருடம் வைத்திருந்தேன். அது தரும் பெருக்கம் 1.17 மடங்குதான். டி7000-இன் வியூஃபைண்டர் 0.95 என்று போட்டிருப்பார்கள், ஆனால் அது 50 மிமீ லென்ஸை வைத்துச் சொல்கிற கணக்கு. சென்சார் சிறியது என்பதால் ஒன்றரையால் வகுத்தால்தான் ஃபிலிம் கேமராவோடு ஒப்பிட முடியும். 0.63 வருகிறது. ஐகப் போட்டால் 0.74. சித்தப்பாவின் எஃப்எம்2-வில் 0.86. ஐகப் மாட்டியும் அந்தப் பழைய கேமராவை எட்டவில்லை, பாருங்கள்.

ஃபோகஸுக்கென்றே வேண்டுமானால் டிஜி-2 இருக்கிறது. சட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் இரண்டு மடங்கு பெரிதாக்கும், வேண்டாதபோது மேலே மடக்கிவிடலாம். டி7000-இல் மாட்ட டிகே-22 என்ற இணைப்பும் சேர்த்து வாங்க வேண்டும். நிக்கான் கையேட்டிலேயே டிகே-21எம்மைச் சட்டகம் கட்டுவதற்கு என்றும், டிஜி-2-வை ஃபோகஸுக்கு என்றும் பிரித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

தாழம்பூ:

இருவருக்கும் நன்றி. சிலிண்டர் பவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குமிழைத் திருப்பினேன், கீழே எண்கள் கத்தி மாதிரி தெரிகின்றன, வரிசையும் முழுதாகத் தெரிகிறது. சந்தோஷமாக ஆச்சியிடம் ஓடினேன். 14 படம் எடுத்தேன். மறுபடியும் கம்மல்! கண் ஒன்றில்கூடத் தெளிவாக இல்லை. டிஜி-2 வாங்கினால் சரியாகிவிடுமா?

பழைய ஸ்டுடியோ:

அம்மா, இன்னொரு பொருளுக்குக் காசு போடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் முதல் பதிவிலேயே விடை பாதி இருக்கிறது. எல்லாப் படத்திலும் கம்மல்தான் தெளிவு என்கிறீர்கள். ஒரு படத்தில் மூக்கு, அடுத்ததில் காது, இன்னொன்றில் கண் என்று மாறி மாறி வந்தால் அது பார்க்கிறவர் கண்ணின் தடுமாற்றம். அதற்குப் பெரிதாக்கும் ஐகப் மருந்து. எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளிப்போனால் அது கண் செய்கிற தப்பே இல்லை. கேமராவுக்குள் ஏதோ இடம் மாறியிருக்கிறது. அதை இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே தப்புதான் பெரிதாகத் தெரியும்.

விவரமாகச் சொல்கிறேன். லென்ஸ் வழியே வருகிற ஒளிக்கு இந்தக் கேமராவில் மூன்று இடங்கள். மிரர் மேலே போனால் சென்சார். மிரர் கீழே இருக்கும்போது பெரும்பகுதி மேலே திரும்பி ஃபோகஸிங் ஸ்க்ரீனில் விழும், அதைத்தான் நாம் பார்க்கிறோம். மிச்சம் மிரருக்குப் பின்னாலுள்ள குட்டி மிரரில் பட்டு, அடியில் இருக்கும் ஆட்டோஃபோகஸ் கண்ணுக்குப் போகும். மூன்றுக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். நிக்கானில் லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து சென்சாருக்கு 46.5 மிமீ, வளையத்திலிருந்து மிரர் வழியாக ஸ்க்ரீனுக்கும் அதே 46.5. உங்களுக்கு ஆட்டோஃபோகஸ் சரியாக வருகிறது என்றால் சென்சாரும் கீழே இருக்கும் கண்ணும் ஒத்துப்போகின்றன. எனக்குச் சந்தேகம் ஸ்க்ரீன் மேல்தான்.

எவ்வளவு தள்ளியிருந்தால் இப்படி வரும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றரை மீட்டர் தூரத்தில் 50 மிமீ லென்ஸுக்கு, ஸ்க்ரீன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும், எதிரே 8 சென்டிமீட்டருக்குமேல் தள்ளிப்போகும். கண்ணுக்கும் கம்மலுக்கும் இடையே கிட்டத்தட்ட அவ்வளவுதானே இருக்கும்.

முடிவு கட்டுமுன் சோதனை செய்யுங்கள். கேமராவை ட்ரைபாடில் வையுங்கள். ஒரு 30 செ.மீ. ஸ்கேலை 45 டிகிரி சாய்வாக, 15-ஆம் கோடு சரியாக ஒரு மீட்டரில் வரும்படி நிறுத்துங்கள். 15-க்குப் பக்கத்தில் செய்தித்தாள் துண்டு ஒன்றை நேராக, கேமராவைப் பார்த்தபடி ஒட்டுங்கள். ஃபோகஸ் செய்ய அந்த எழுத்தைத்தான் பார்க்க வேண்டும், சாய்ந்த ஸ்கேலைப் பார்த்தால் கண் ஏமாறும். எஃப்/1.4. பத்துப் படம். ஐந்துக்கு வளையத்தை முடிவிலியிலிருந்து கொண்டு வாருங்கள், ஐந்துக்குக் கிட்டத்திலிருந்து. ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கலைத்துவிட்டு மறுபடி பிடியுங்கள். பிறகு லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்பக்கத் திரையில், பெரிதாக்கிப் பார்த்து மூன்று படம். அது சென்சாரே பார்ப்பது, அதில் தப்பு வராது.

டயாப்டரையும் ஒருமுறை மாற்றிச் செய்யுங்கள். கீழே வரும் எண்களை வைத்துச் சரிசெய்யாதீர்கள், அவை ஸ்க்ரீனுக்கு வெளியே தனியிடத்திலிருந்து வருபவை. லென்ஸை முழுக்கக் கலைத்து வெள்ளைச் சுவரைப் பார்த்து, நடுவில் இருக்கும் ஃபோகஸ் புள்ளியின் விளிம்பு கூராகும்வரை குமிழைத் திருப்புங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானே இழுத்துச் சரிசெய்துகொள்ளும். இரண்டு நொடி பாருங்கள், தூரத்தைப் பாருங்கள், மறுபடி பாருங்கள்.

தாழம்பூ:

ஐயா, நேற்று இரவு உட்கார்ந்து செய்தேன். நடுப்புள்ளியை வைத்துத் திருப்பியதில் குமிழ் முன்பு இருந்ததைவிட இரண்டு சொடுக்கு நகர்ந்தது!

ஐகப் இல்லாமல் பத்துப் படம்: ஸ்கேலில் 17-லிருந்து 23 வரை சிதறல். ஐகப் போட்டுப் பத்துப் படம்: எல்லாம் 19-க்கும் 21-க்கும் நடுவில். கிட்டத்திலிருந்து வந்தாலும் தூரத்திலிருந்து வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. லைவ் வியூவில் எடுத்த மூன்றும் 15 கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. எண் கூடக்கூட ஸ்கேல் கேமராவை விட்டுப் பின்னால் போகிறது.

பழைய ஸ்டுடியோ:

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். இப்போது சந்தேகமே இல்லை. உங்கள் ஐகப் நல்ல ஐகப், சிதறலை மூன்றில் ஒன்றாகக் குறைத்திருக்கிறது. உங்கள் கண்ணும் நல்ல கண். லென்ஸும் நல்ல லென்ஸ், இல்லையென்றால் லைவ் வியூவில் இப்படி வராது.

ஸ்கேலில் 5 செ.மீ. என்றால் சாய்வைக் கழித்து ஆழத்தில் சுமார் மூன்றரை. ஒரு மீட்டரில் மூன்றரை என்றால் ஸ்க்ரீன் ஏறக்குறைய 0.1 மிமீ விலகியிருக்கிறது. ஆச்சியின் கம்மல் கணக்கும் இதுவே. தெளிவு பின்னால் விழுவதால் ஸ்க்ரீன் இருக்க வேண்டிய இடத்தைவிட மேலே ஏறியிருக்கிறது. ஸ்க்ரீனுக்கு மேலே உயரத்தைச் சரிக்கட்ட மெல்லிய தகடு வைப்பார்கள், ஷிம் என்பது. யாராவது இந்தக் கேமராவின் ஸ்க்ரீனைக் கழற்றினார்களா?

தாழம்பூ:

கழற்றினார்கள்! போன வருடம் வியூஃபைண்டருக்குள் கறுப்பாக ஒரு தூசி தெரிந்தது. ஊரில் ஒரு கடையில் கொடுத்து ஸ்க்ரீனைத் துடைத்து வாங்கினேன். அதற்குப் பிறகு ஆட்டோஃபோகஸ் லென்ஸ் மட்டுமே பயன்படுத்தியதால் எனக்கு எதுவும் தெரியவில்லை. ஐயா, இதை நானே செய்யலாமா?

பழைய ஸ்டுடியோ:

வேண்டாம். ஸ்க்ரீனில் விரல் பட்டால் தடம் போகாது, துடைத்தால் கீறல் விழும். சோதனைப் படங்களை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். "ஃபோகஸ் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் ஆட்டோஃபோகஸைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "லைவ் வியூவில் 15, வியூஃபைண்டரில் 20, ஸ்க்ரீன் ஷிம் பாருங்கள்" என்று சொல்லுங்கள்.

மணல்தேரி:

நான் டிஜி-2 வாங்கச் சொன்னது தப்பு, அக்கா. கம்மல் விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை. ஐயா, ஒரு சந்தேகம். ஷிம் சரியான பிறகு 1.4-இல் கண்ணால் முழுத் துல்லியமாகப் பிடிக்க முடியுமா? என் டி7000-இல் பத்துக்கு ஆறு கிடைக்கும், அவ்வளவுதான்.

பழைய ஸ்டுடியோ:

முழுதாக முடியாது தம்பி, காரணம் ஸ்க்ரீனின் தன்மை. எஃப்எம்2-வில் வரும் கே2 ஸ்க்ரீனில் நடுவில் பிளவு வட்டம், சுற்றிலும் மைக்ரோபிரிசம் வளையம். கோடு இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும், சேர்த்துவிட்டால் ஃபோகஸ். இன்றைய ஸ்க்ரீன் 3.5, 5.6 ஜூம்களிலும் வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று செய்தது. ஒளியை அதிகம் சிதறவிடாமல் நேரே கண்ணுக்கு அனுப்பும். அதனால் 1.4 லென்ஸின் ஓரத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளி கண்ணுக்கு வந்து சேராது. நாம் பார்ப்பது கிட்டத்தட்ட 2.8-இன் ஆழம், அதாவது 2.8-இல் எவ்வளவு தூரம் முன்பின் தெளிவாக இருக்குமோ அவ்வளவு.

நீங்களே பார்க்கலாம். அதே லென்ஸில் வளையத்தை 2-இல் வைத்து, முன்பக்கம் இருக்கும் டெப்த் பிரிவியூ பட்டனை அழுத்துங்கள், லென்ஸின் துளை அந்த அளவுக்கு மூடும். வியூஃபைண்டரில் ஒன்றும் மாறினாற்போலத் தெரியாது. 4-இல் வைத்து அழுத்தினால் சட்டென்று இருளும். ஒரு மீட்டரில் 1.4-க்கு உண்மையான ஆழம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், கண்ணுக்குத் தெரிவது நாலரை. அந்த வித்தியாசத்துக்குள் நாம் எங்கே நிறுத்துகிறோம் என்பது பழக்கம்தான். தெளிவைத் தாண்டி இரு பக்கமும் கலையும் இடங்களைப் பார்த்து நடுவில் நிறுத்துங்கள். ஃபோகஸ் ஆனதைக் காட்டக் கீழே எரிகிற உருண்டைப் புள்ளியும் உதவும், அதுவும் கொஞ்ச தூரத்துக்கு எரிந்துகொண்டே இருக்கும், அங்கேயும் நடுவைப் பிடியுங்கள்.

தாழம்பூ:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். வேறொரு பழுதுபார்ப்பவரிடம் அச்செடுத்த படங்களோடு போனேன். திறந்து பார்த்துவிட்டு ஸ்க்ரீனுக்கு மேலே ஷிம்மே இல்லை என்றார். 0.1 மிமீ தகடு ஒன்றை வைத்து, என் எதிரிலேயே என் ஸ்கேலை வைத்துச் சோதித்தார். இப்போது பத்தில் எட்டு 14.5-க்கும் 15.5-க்கும் நடுவில்.

நேற்று ஆச்சியை எடுத்தேன். ஐகப் மாட்டித்தான், மூக்குக் கண்ணாடி இல்லாமல். 22 படத்தில் 15-இல் கண் தெளிவு. ஒன்றில் இமைமுடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது, உதட்டில் கவ்விய ஓலை நறுக்கின் நரம்பும் தெரிகிறது, கம்மல் மெதுவாகக் கரைந்து பின்னால் நிற்கிறது. ஆச்சிக்குக் காட்டினேன். கம்மல் ஏன் மங்கலாக இருக்கிறது என்று கேட்டார்.

செங்காந்தள்:

ஆச்சிக்காக 5.6-இல் ஒன்று எடுத்துக் கொடுங்கள் தோழி, கண்ணும் கம்மலும் இரண்டும் தெளிவாக விழும். அப்புறம் ஒன்று: அந்த ஐகப் பையில் உரசிக் கழன்று விழுந்துவிடும், என்னுடையது அப்படித்தான் பேருந்தில் போனது. பையில் வைக்குமுன் கழற்றித் தனி உறையில் போடுங்கள். திரும்ப மாட்டும்போது டயாப்டரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தாழம்பூ:

சரி, இன்றே உறை தைத்துவிடுகிறேன். 5.6 படம் நாளைக் காலை, வெயில் திண்ணைக்கு வரும்போது.