எங்கள் கிராமத்துப் பாப்டிஸ்ட் சபையின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

முந்திரித்தோப்பு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பண்ருட்டிக்கு மேற்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரின் பாப்டிஸ்ட் சபையில் நான் உதவிக்காரனாக இருக்கிறேன். என் பாட்டனார் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். அங்கேயே முழுக்கு ஞானஸ்நானம் பெற்று, 1942 இல் குண்டுவீச்சுக்குத் தப்பி, பாதி வழி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அவர் வீட்டுத் திண்ணையில் நான்கு குடும்பங்கள் கூடி ஜெபித்ததுதான் சபையின் தொடக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஆண்டு விழாவுக்கு ஒரு வரலாற்று மலர் வெளியிடுவதென்று சபைக்கூட்டத்தில் தீர்மானித்து, எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

எனக்கு இரண்டு இடர்கள் உள்ளன. 2011 டிசம்பர் 30 அன்று அடித்த தானே புயலில் ஜெபவீட்டின் கூரைத் தகடுகள் பறந்துவிட்டன. பதிவேடுகள் இருந்த டிரங்குப் பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. மிஞ்சியவை சபைக்கூட்டக் குறிப்பேட்டில் ஒரு பாதி, தேதியில்லாத சில கணக்குத் தாள்கள், ஒரு கட்டுக் கடிதங்கள் மட்டுமே. நெல்லிக்குப்பத்தில் உள்ள லுத்தரன் நண்பர், தங்கள் சபையின் பழைய விவரங்களைத் திருச்சபை அலுவலகத்தில் கேட்டுப் பெற முடிந்தது என்கிறார். நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

இரண்டாவது இடர்தான் என்னை அதிகம் வருத்துகிறது. மலருக்கு ‘சபையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது அறுப்பின் பண்டிகைக்கு உட்கார இடமின்றி வேப்ப மரத்தடியில் பாய் விரிப்போம். இப்போது ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர் வருகிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். இல்லாத வளர்ச்சியை எழுத மனம் ஒப்பவில்லை. வழி சொல்லுங்கள்.

கெடிலக்கரை (மறுமொழி):

ஐயா, உங்கள் முதல் கேள்விக்கான காரணம் பாப்டிஸ்ட் சபையின் அமைப்பிலேயே இருக்கிறது. கடலூரில் 1737 இல் தொடங்கிய பழைய மிஷனைப் பாருங்கள். 1740 இல் அங்கு வந்த மிஷனரி கீர்நாந்தர், 1758 இல் பிரெஞ்சுப் படை அங்கிருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்த பிறகு கல்கத்தாவுக்குப் போய்விட்டார், கோட்டையும் இடிபட்டது. ஆனாலும் அந்தச் சிறிய சபையின் கதை நமக்குக் கிடைக்கிறது, ஏனென்றால் மிஷனரிகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கும் லண்டனுக்கும் விடாமல் அறிக்கை எழுதினார்கள். பிற்காலத்து டேனிஷ் மிஷனும் அப்படித்தான். மேலே ஒரு தலைமை இருந்தால் அங்கே ஒரு பிரதி இருக்கும்.

பாப்டிஸ்ட் சபையில் பேராயர் இல்லை, ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள்கிறது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை என்பதால், மற்ற சபைகளில் பிறப்பிலிருந்தே கிடைக்கும் பெயர்ப் பதிவும் இங்கே கிடையாது. அறிவு தெரிந்து, விசுவாசத்தை அறிக்கையிட்டு, தண்ணீரில் இறங்கியவரின் பெயர்தான் முதல் பதிவு. ஆகவே நீங்கள் ‘ஒரு பாதி’ என்று எழுதிய அந்தக் குறிப்பேடுதான் உங்கள் ஆவணக் காப்பகம். தயவுசெய்து அதை வெயிலில் காய வைக்காதீர்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்காமல், பிரிகிற பக்கங்களை முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதியில்லாத தாள்களுக்கு வழி உண்டு. காணிக்கைத் தொகை ரூபாய், அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) என்று மூன்று பத்தியாக எழுதப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முற்பட்டது. ‘நயா பைசா’ அல்லது ‘ந.பை.’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் 1964 ஜூனில் ‘நயா’ நீக்கப்பட்டது. கடித உறையின் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. ‘தென்னார்க்காடு மாவட்டம்’ என்று முத்திரை இருந்தால் 1993 இல் மாவட்டம் பிரிவதற்கு முன் செய்த முத்திரை. ‘வள்ளலார் மாவட்டம்’ என்றிருந்தால் அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளுக்குள் அடங்கும். பழக்கத்தால் பழைய முறையிலேயே எழுதியவர்களும் உண்டு என்பதால், ஒரே அடையாளத்தை நம்பாமல் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பாருங்கள்.

ஊருக்கு வெளியே தேட வேண்டியவையும் உண்டு. ஜெபவீட்டு மனையின் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். மனையைக் கொடுத்தவர் யார், யார் பெயரில் கொடுத்தார் என்பதே வரலாற்றின் ஒரு முழு அத்தியாயம். உரிமம் பெற்ற போதகர் நடத்திய திருமணங்கள் 1872 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகி, அவற்றின் படிகள் பதிவுத்துறைக்குப் போயிருக்கும். கல்லறைத் தோட்டத்தையும் ஒரு நாள் காலையில் நோட்டுடன் சுற்றி வாருங்கள்.

மரக்காணம் வாத்தியார் (மறுமொழி):

சகோதரருக்கு ஸ்தோத்திரம். உங்கள் பாட்டனாரின் ரங்கூனிலிருந்தே நான் தொடங்குகிறேன். பர்மாவில் ஊழியம் செய்த மிஷனரி அதோனிராம் ஜட்சன் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டபோது பாப்டிஸ்ட் அல்ல. கப்பலில் வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, 1812 இல் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றவர். அவர் 1813 ஜூனில் ரங்கூனுக்குக் கப்பலேறியது நம் சென்னையிலிருந்துதான். அங்கே முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 இல். ஆறு ஆண்டு உழைப்புக்கு ஒரே ஒரு பெயர்! பின்னாளில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் அங்கிருந்த தமிழர், தெலுங்கர் நடுவிலும் ஊழியம் செய்தது. சென்னையிலிருந்து கடல் கடந்து போனது ஒரு மூட்டைத் தொழிலாளியின் நெஞ்சில் ஏறி, நடந்தே பண்ருட்டிக்குத் திரும்பியிருக்கிறது. இதைவிட நல்ல முதல் அத்தியாயம் எந்தச் சபைக்குக் கிடைக்கும்?

வளர்ச்சியைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு, கிராமத்துப் பாப்டிஸ்ட் சபைகளின் வரலாற்றிலேயே பெரிதாகப் பேசப்படும் ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் சாண்டி க்ரீக் என்னும் காட்டுப் பகுதியில், 1755 இல் ஷூபல் ஸ்டேர்ன்ஸ் என்ற போதகருடன் பதினாறு பேர் சேர்ந்து ஒரு சபையைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது 606 பேராக உயர்ந்தது. பிறகு, வரிக் கொடுமையையும் அதிகாரிகளின் பறிப்பையும் எதிர்த்த விவசாயிகள் 1771 இல் அலமான்ஸ் என்ற இடத்தில் ஆளுநரின் படையிடம் தோற்றார்கள்; அந்தப் பகுதிக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுப் போயின. ஸ்டேர்ன்ஸும் அதே ஆண்டில் இறந்தார். சபையில் மிஞ்சியவர்கள் 14 பேர். தலைகளை மட்டும் எண்ணினால் அழிந்த சபை என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் அக்காலத்திலேயே சபை சபையாகச் சென்று விவரம் திரட்டிய மார்கன் எட்வர்ட்ஸ் என்ன பதிந்தார் தெரியுமா? பதினேழு ஆண்டுகளுக்குள் அந்த ஒரு சபையிலிருந்து 42 சபைகளும் 125 ஊழியர்களும் கிளைத்திருந்தார்கள் என்று பதிந்தார். போனவர்கள் போன இடத்தில் சபையாகக் கூடினார்கள்.

எண்ணிக்கை ஏறும்போதும் கவனம் வேண்டும். ஆந்திராவின் ஒங்கோல் ஊரில் பாப்டிஸ்ட் சபை 1867 ஜனவரி 1 அன்று எட்டுப் பேருடன் அமைந்தது. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) அங்கிருந்த மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதியை வெட்டும் ஒப்பந்தம் எடுத்து ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கூலி கொடுத்தார். எங்கள் மரக்காணத்தில் முடிகிற அதே கால்வாய்தான். அதன் கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களை அவர் ஓராண்டுக்கு மேல் காக்க வைத்தார். கஞ்சிக்காக வந்தார்கள் என்ற சொல் வரக்கூடாது என்பது காரணம். நிவாரணம் நின்ற பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் முழுக்குப் பெற்றார்கள். அந்த எண் வியப்பானதுதான். அதற்கு முன் காத்திருந்த மாதங்களை நான் அதைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் குறிப்பேட்டில் ‘சபை மாற்றுக் கடிதம் கொடுக்கப்பட்டது’ என்ற வரிகளைத் தேடுங்கள். உறுப்பினர் வேறு ஊருக்குப் போகும்போது அங்குள்ள சபைக்கு எழுதித் தரும் நற்சான்றுக் கடிதம் அது. அந்தக் கடிதங்கள் எந்த ஊர்களுக்குப் போயின, அங்கே இன்று யார் கூடுகிறார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் தலைப்பை மாற்ற வேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் நாற்பது என்ற எண்ணையும் மறைக்காமல் அச்சிடுங்கள்.

வில்லியனூர் அக்கா (மறுமொழி):

தம்பி, பெரியவர்கள் இருவரும் சொன்னது நன்று. இரண்டு செய்திகளை நான் சேர்க்கிறேன்.

சபைக்கூட்டக் குறிப்பேட்டில் ஆண்கள் பேசியதுதான் பெரும்பாலும் இருக்கும். சபையைத் தாங்கியவர்களின் கணக்கு கைப்பிடி அரிசியில் இருக்கிறது. உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டு, ஞாயிறன்று கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை அளந்து விற்றுத்தான் பல கிராமங்களில் போதகருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். எழுபது வயதைக் கடந்த பெண்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ‘எந்த ஆண்டு’ என்று கேட்டால் பதில் வராது. ‘மூத்த பிள்ளை பிறந்த பிறகா, கூரை ஓடு மாற்றிய பிறகா’ என்று கேட்டால் வரும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஞானஸ்நானப் பதிவேட்டை அப்படியே அச்சிட்டுவிடாதீர்கள். 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. சீக்கியர்கள் 1956 இலும் பௌத்தர்கள் 1990 இலும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். ஒரே வீட்டில் ஒருவர் முழுக்குப் பெற்றிருப்பார், மற்றவர் பெறாமல் ஆராதனைக்கு மட்டும் வந்துகொண்டிருப்பார். ஒரு பெயர் அச்சில் வருவதால் ஒரு பிள்ளையின் படிப்போ வேலையோ பாதிக்கப்படலாம். உயிருடன் இருப்பவர்களிடமும், இறந்தவர்களின் குடும்பத்தாரிடமும் கேட்டு, சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

முந்திரித்தோப்பு:

மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்குத் தாள்களில் ஒன்றில் ‘கைப்பிடி அரிசி 5 படி, விற்ற வகையில் 2 ரூ. 50 ந.பை.’ என்று இருக்கிறது. அந்தத் தாளின் பின்பக்கம் ஓடு வாங்கிய செலவு எழுதியிருப்பதால், கீற்றுக் கூரை ஓட்டுக் கூரையான காலம் இப்போது ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. தெருக்கோடியில் இருக்கும் பெரியம்மாவிடம் கேட்டேன். ஓடு ஏற்றிய அன்று தான் நிறைமாதமாக இருந்ததாகவும், பெண்கள் வரிசையாக நின்று ஓட்டைக் கைமாற்றியபோது தன்னை மட்டும் நிழலில் உட்கார வைத்து எண்ணச் சொன்னதாகவும் சொன்னார். அந்தப் பிள்ளையின் பிறந்த ஆண்டு பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது, தாளுடன் பொருந்துகிறது.

மாற்றுக் கடிதங்களில் இதுவரை பத்தொன்பதைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஏழு நெய்வேலிக்கு, ஐந்து சென்னைக்கு, நான்கு திருப்பூருக்கு. மூன்றில் ஊர்ப் பெயர் மட்டும் கரைந்துபோயிருக்கிறது. திருப்பூருக்குப் போனவர்களில் ஒருவரின் மகனுடன் நேற்று தொலைபேசியில் பேசினேன். பனியன் கம்பெனி ஒன்றின் மாடியில் ஞாயிறு மாலையில் கூடுகிறார்களாம். எத்தனை பேர் என்று நான் கேட்பதற்கு முன்பே, தாத்தாவின் திண்ணை இன்னும் இருக்கிறதா என்று அவர் கேட்டார். படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.