மறு: க்ளாஸ் காக்பிட் – "திரை" வேறு, "முகப்பு" வேறு

நண்பர்களுக்கு வணக்கம்.

விமானக் கருவிகளுக்குத் தமிழ்ச் சொற்பட்டியல் தொகுக்கும் நம் இழை நீண்டுகொண்டே போகிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். முள் கருவிகளுக்குப் பதில் டிஜிட்டல் திரைகள் வைத்த விமானியறையைத்தான் ஆங்கிலத்தில் க்ளாஸ் காக்பிட் என்கிறார்கள். அதற்குக் "கண்ணாடி விமானியறை" என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் அந்தக் கண்ணாடி வந்து சேர்ந்ததே பழைய டிவி பெட்டியில் இருந்தது போன்ற குழாய்த் திரைகளால்தான். 1982-இல் போயிங் 767 பயணிகள் சேவைக்கு வந்தபோது விமானிகளின் கண் எதிரே இருந்தவை அந்தக் குழாய்கள். இப்போது குழாயும் இல்லை, அந்தக் கனத்த கண்ணாடியும் இல்லை. அவர்கள் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பதை நாம் ஏன் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டும்? தமிழில் முதல்முறை கேட்பவருக்கு நாலாபக்கமும் கண்ணாடி பதித்த அறைதான் மனதில் வரும். ஏற்காட்டு விடுதி விளம்பரத்துக்கு வேண்டுமானால் பொருந்தும்.

எனக்கு இந்தச் சொற்கள் உடனே தேவைப்படுகின்றன. அண்ணன் மகனும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து வைத்திருக்கும் நான்கு இருக்கை செஸ்னா 172-இல் பழைய முள் கருவிகளை எடுத்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறப் போகிறார்கள். எதை வாங்குவது, ஏன் என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். சேலம் உருக்காலையில் கருவிப் பிரிவில் இருந்தவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. எழுத உட்கார்ந்த பிறகுதான் நம் பட்டியலில் உள்ள சொற்கள் எங்கே இடிக்கின்றன என்று தெரிகிறது.

பழைய பலகையில் சிக்கலே இல்லை. ஆறு வட்டுகள். வேகமானி, உயரமானி, ஏற்ற இறக்கமானி மூன்றும் காற்றழுத்தத்தில் ஓடுபவை. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானமும், திசை காட்டும் திசைச் சுழலியும் பெரும்பாலான பழைய விமானங்களில் எஞ்சினோடு சுற்றும் வெற்றிடப் பம்பை நம்பி இருப்பவை. ஆறாவதான திருப்பக்காட்டி மின்சாரத்தில் ஓடுவது. ஒரு கருவி, ஒரு வேலை, ஒரு பெயர். வட்டைக் கழற்றினால் வேலையும் கூடவே போய்விடும்.

டிஜிட்டலில் இந்தக் கணக்கு உடைகிறது. 2004-இல் வந்த, கார்மின் நிறுவனத்தின் ஜி1000 என்ற திரைத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு திரை, வலப்பக்கம் ஒரு திரை. இடத்திரையில் தொடுவானம், வேகம், உயரம், திசை. வலத்திரையில் வரைபடமும் எஞ்சின் அளவுகளும். நம் பட்டியல் முதலாவதை "முதன்மைப் பறப்புத் திரை" என்றும், அடுத்ததை "பல்பயன் திரை" என்றும் சொல்கிறது. சரி, பறந்துகொண்டிருக்கும்போது இடத்திரை அணைந்துவிட்டால்? தொடுவானமும் வேகமும் உயரமும் அப்படியே வலத்திரைக்கு வந்துவிடும், எஞ்சின் அளவுகள் ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். இப்போது "பல்பயன் திரையில் முதன்மைப் பறப்புத் திரை தெரிகிறது" என்று எழுத வேண்டியிருக்கிறது. திரைக்குள் திரை! படிக்கிறவர் எது பெட்டி, எது படம் என்று குழம்பாமல் என்ன செய்வார்?

சின்னக் கருவிகளிலும் இதே கதைதான். கார்மின் ஜி5 என்ற 3.5 அங்குலக் கருவியைத் தொடுவானமாகவும் வைக்கலாம், அதே கருவியைத் திசை காட்டவும் வைக்கலாம். பெட்டி ஒன்றுதான், அமைப்பில் மாற்றினால் வேலை மாறிவிடும்.

அதனால் என் முன்மொழிவு இது. கையால் தொடக்கூடிய, திருகாணி போட்டுப் பொருத்தும் பெட்டிக்குத் "திரை". அதில் தெரியும் தொகுப்புக்கு "முகப்பு". ஆக பறப்பு முகப்பு, வழி முகப்பு, எஞ்சின் முகப்பு. இடத்திரை போனால் பறப்பு முகப்பு வலத்திரைக்கு மாறும். சொல்லிப் பாருங்கள், எங்கும் தடுக்கவில்லை. இணையத்தில் முகப்புப் பக்கம் என்று எல்லாரும் சொல்லிப் பழகியாயிற்று, எனவே புதிதாக விளக்கவும் வேண்டியதில்லை. க்ளாஸ் காக்பிட் என்ற மொத்தத்துக்குத் "திரைப்பலகை" போதும். பழையது வட்டுப்பலகை, புதியது திரைப்பலகை. எங்கள் ஆலையிலும் வட்டுகள் போய்த் திரைகள் வந்த காலம் உண்டு. யாரும் கண்ணாடி என்று சொன்னதில்லை, "ஸ்கிரீனுக்கு மாத்தியாச்சு" என்றுதான் சொன்னார்கள்.

ஒரு திரையின் வேலையை இன்னொன்று ஏற்கும் அந்த நிலைக்குக் "கைமாற்று" என்று மதுரைப் பேராசிரியர் ஐயா எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் கைமாற்று என்றால் மாதக் கடைசியில் வாங்கி முதல் தேதி திருப்பித் தருவது. இங்கே அணைந்த திரை தரையிறங்கும்வரை எதையும் திருப்பித் தரப்போவதில்லை. "பதிலி நிலை" என்று வைத்துக்கொள்வோம் ஐயா.

அடுத்து, நான் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒன்று. திரையில் மலையையும் பள்ளத்தையும் முப்பரிமாணமாகக் காட்டும் வசதிக்குச் "செயற்கைப் பார்வை" என்று போட்டிருக்கிறோம். இது ஆபத்தான பெயர். பார்வை என்றதும் விமானத்தின் மூக்கில் ஏதோ கேமரா இருந்து மேகத்தைத் துளைத்துப் பார்ப்பதாகப் படுகிறது. அப்படி எதுவும் கிடையாது. ஜிபிஎஸ் சொல்லும் இடத்தையும், சேமித்து வைத்த நிலத் தரவையும் வைத்துக் கணினி வரையும் படம் அது. தரவில் இல்லாத புதிய செல்போன் கோபுரம் அதில் வராது.

நம் ஊரையே பாருங்கள். சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. கிழக்கே 15 கிலோமீட்டர் சொச்சத்தில் சேர்வராயன் மலை, உச்சி 5,300 அடிக்கு மேல். செஸ்னா 172 நல்ல நிலையில் நிமிடத்துக்கு 700 அடி அளவில் ஏறும். சித்திரை வெயிலில் நான்கு பேரும் ஏறிக்கொண்டால் அது வெகுவாகக் குறைந்துவிடும். நேர் கிழக்கே மூக்கை வைத்தால் உயரம் கிடைப்பதற்குள் மலை வந்துவிடும், வட்டமடித்து ஏறித்தான் போக வேண்டும். கார்மின் திரைகளில் நமக்குக் கீழே 1,000 அடிக்குள் இருக்கும் நிலம் மஞ்சளாகும், 100 அடிக்குள் வந்தாலோ நம்மைவிட உயர்ந்திருந்தாலோ சிவப்பாகும். அருமையான எச்சரிக்கைதான். ஆனால் மலை பனிமூட்டத்தில் மூடிக்கிடக்கும் காலையில் அந்தப் படத்தை நம்பி இரண்டு குன்றுகளுக்கு நடுவே நுழைய யாருக்கும் தைரியம் வரக்கூடாது. எனவே "வரைகாட்சி". வரைந்தது என்பது பெயரிலேயே இருக்கட்டும். அகச்சிவப்புக் கேமராவில் உண்மையிலேயே பார்த்துக் காட்டும் கருவி தனியாக உண்டு, அதற்குப் பார்வை என்ற சொல்லை விட்டுவைப்போம்.

இது வெறும் சொல் சண்டை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2002 முதல் 2006 வரை தயாரான சிறு விமானங்களை வைத்து அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓர் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டது. திரைப்பலகை விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு, ஆனால் உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்துகளின் விகிதம் அதிகம். திரை மாட்டியதால் மட்டும் பாதுகாப்பு கூடிவிடவில்லை, அந்தந்தக் கருவிக்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்றார்கள். எந்த உணரி (சென்சார்) எந்த எண்ணுக்குச் சோறு போடுகிறது என்று தெரியாமல் ஓட்டினால் திரை வெறும் அலங்காரம்.

அந்த உணரிக்கு வருவோம். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை ஒன்றாகச் சொல்லும் பெட்டிக்குச் "சாய்திசை உணரி". சாய்வைக் குறிக்கக் "கிடப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார். மூலப் பொருள் சரிதான், ஆனால் கிடப்பில் போட்ட கோப்பு நினைவுக்கு வந்து தொலைக்கிறது. பழைய தொடுவானத்தின் மோசமான குணம், பம்பு செத்தால் உடனே சொல்லாது. உள்ளே சுழலி வேகம் குறையக் குறைய மெதுவாகச் சரியும், மேகத்துக்குள் இருப்பவர் அதை நம்பி அவரும் சரிவார். புதிய உணரியில் சுழலும் சக்கரம் இல்லை. கோளாறைக் கண்டுபிடித்துவிட்டால் தொடுவானத்தின்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும். பொய் சொல்வதைவிட வாயை மூடிக்கொள்வது மேல் என்ற கொள்கை. இந்த ஒரு காரணத்துக்காகவே பம்பைக் கழற்றி எறியலாம் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

எதை வாங்குவது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். அண்ணன் மகனுக்குக் கார்மினின் ஜி3எக்ஸ் டச் போல ஒரு பெரிய தொடுதிரைமேல் ஆசை. மலைக்காற்றில் விமானம் குலுங்கும்போது விரல் நினைத்த இடத்தில் படாது, பிடித்துத் திருகக் குமிழ் இல்லாத எதையும் வாங்காதே என்று மட்டும் சொன்னேன். நல்லவேளை, அதில் குமிழும் உண்டு. ஆனாலும் என் ஓட்டு இரண்டு சின்னத் திரைகளுக்கு. ஒன்று போனாலும் மற்றது இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி பேட்டரி வைக்கலாம், பழைய வேகமானியும் உயரமானியும் காப்புக் கருவிகளாக அதே இடத்தில் இருந்துவிடும். கார்மினின் ஜிஐ 275 என்ற சின்னத் திரை பழைய வட்டு இருந்த துளையிலேயே உட்காரும், பலகையை வெட்ட வேண்டாம். எதுவானாலும் அந்த விமான மாடலுக்குச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும், மாட்டுவதற்கு முன் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடைமுறையும் முடிய வேண்டும். வீட்டிலேயே கட்டும் விமானங்களுக்கென விற்கும் மலிவுத் திரைகளைப் பார்த்து மயங்கக்கூடாது.

மீதிச் சொற்களில் எனக்குச் சண்டை இல்லை. ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் எண்பட்டைக்கு "வேக நாடா", "உயர நாடா" நன்றாக இருக்கின்றன. விமானிக்கு "வலவன்" வேண்டும் என்ற சென்னைத் தோழியின் ஆசை புரிகிறது அம்மா, சங்கப் பாட்டுச் சொல்தான். ஆனால் விமானி எல்லார் வாயிலும் ஊறிவிட்டது, கையேட்டில் அதை மாற்றினால் படிப்பவன் அங்கேயே நின்றுவிடுவான்.

திரை, முகப்பு, திரைப்பலகை, பதிலி நிலை, வரைகாட்சி ஆகியவற்றை இன்றிலிருந்தே குறிப்பில் பயன்படுத்தத் தொடங்குகிறேன். சாய்திசை உணரியைவிடச் சின்னதாக ஒன்று கிடைத்தால் எழுதுங்கள், அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிடலாம். காற்றழுத்தத்திலிருந்து வேகத்தையும் உயரத்தையும் கணக்கிடும் பெட்டிக்கு இன்னும் பெயர் இல்லை. "காற்றுக்கணிப்பி" என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன், வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது என்று பையன் சிரிக்கிறான்.