ஸ்ட்ரக்டை அப்படியே சாக்கெட்டில் எழுதலாமாம். எக்ஸ்டிஆர் எதற்கு என்று கேட்கிறார்கள்!

பழங்கணினி:
"சி-யில் தரவை இன்னொரு மெஷினுக்கு அனுப்ப எக்ஸ்டிஆர், புரோட்டோபஃப் எதுவும் வேண்டாம் தம்பி. ஸ்ட்ரக்டுக்கு பிரக்மா பேக் போட்டு அப்படியே எழுதிவிடு. உலகமே லிட்டில் எண்டியன் ஆகிவிட்டது." இது நேற்று நம் மன்றத்தின் புதியவர்கள் பகுதியில் வேகவேலன் ஒரு கல்லூரிப் பையனுக்குச் சொன்ன அறிவுரை. பையனும் "நன்றி அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இதைப் பார்த்த பிறகும் சும்மா இருக்க முடியவில்லை. புதியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: சி மொழியில் பல தரவுகளை ஒன்றாகக் கட்டி வைப்பது ஸ்ட்ரக்ட். அதன் நடுவே கம்பைலர் விடும் காலி இடத்தை எடுக்கச் சொல்வது பிரக்மா பேக். நெட்வொர்க்கில் தரவு போகும் வாசல் சாக்கெட். எண்ணின் சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வந்தால் லிட்டில் எண்டியன், பெரிய மதிப்புள்ள பைட் முதலில் வந்தால் பிக் எண்டியன்.

எக்ஸ்டிஆர், அதாவது எந்த மெஷினும் படிக்கும்படி தரவை எழுதும் பொது வடிவம், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொடுத்தது. 1987-இல் ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 1014 ஆக வந்தது. 1995-இல் 1832, 2006-இல் 4506. முழு எண் என்றால் 4 பைட், பிக் எண்டியன். ஹைப்பர் என்றால் 8 பைட். தசம எண்களான ஃப்ளோட், டபுள் இரண்டும் ஐஇஇஇ 754 தரநிலைப்படி. ஸ்ட்ரிங் என்றால் முதலில் நீளம், பிறகு எழுத்துகள், மொத்தம் 4-இன் மடங்காக வரும்வரை பூஜ்யம். ஒரு மதிய வேளையில் படித்து முடித்துவிடலாம். சன், வாக்ஸ், ஐபிஎம் பிசி, கிரே என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மெஷின்களுக்கு நடுவே இது ஓடியிருக்கிறது என்று 1987 ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நெட்வொர்க் வழியே ஃபைல் பகிரும் என்எஃப்எஸ் இன்றைக்கும் இதன் மேல்தான் ஓடுகிறது. வேகவேலனின் ஆபீஸ் சர்வரிலும் ஓடிக்கொண்டிருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது.

வேகவேலன்:
என் பெயரைப் போட்டுத் தனி இழையே திறந்ததற்கு நன்றி ஐயா. வரலாற்றுப் பாடம் நன்றாக இருந்தது. ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அனுப்புவது எக்ஸ்86, லிட்டில் எண்டியனான இன்டெல் வகை ப்ராசசர். வாங்குவதும் எக்ஸ்86. அனுப்புகிறவன் பைட்டுகளைத் திருப்பிப் போடுகிறான், வாங்குகிறவன் மறுபடியும் திருப்பிப் போடுகிறான். எதற்கு? மீட்டிங்கில் இரண்டே தமிழர்கள் உட்கார்ந்துகொண்டு, மூன்றாவது ஆள் யாராவது வந்துவிடுவான் என்று கடைசிவரை ஆங்கிலத்திலேயே பேசுவது மாதிரி இருக்கிறது. இரண்டு தடவை திருப்புவது எதற்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

பழங்கணினி:
திருப்புவது மட்டும்தான் பிரச்சினை என்று உங்களுக்கு யார் சொன்னது? ஸ்ட்ரக்டில் ஓர் இன்ட், அடுத்து ஒரு டபுள் வையுங்கள். 32 பிட் லினக்ஸில் சைஸ்ஆஃப் (எத்தனை பைட் என்று) கேட்டால் 12. அதே நிரலை 64 பிட்டுக்கு கம்பைல் செய்தால் 16. ஒரே பெட்டி, ஒரே ப்ராசசர், இரண்டுமே உங்கள் லிட்டில் எண்டியன்தான். 32 பிட்டில் டபுளை 4-இன் மடங்கில் வைத்தால் போதும் என்கிறது லினக்ஸ் ஏபிஐ என்ற விதித்தொகுப்பு. 64 பிட்டில் 8-இன் மடங்கு கேட்கிறது, நடுவில் 4 பைட் காலி.

லாங் என்ற முழு எண் வகை? 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. உலகமே ஒன்றாகிவிட்டதாம்!

வேகவேலன்:
அதற்குத்தானே பேக் போடச் சொன்னேன். பேக் போட்டால் இரண்டிலும் 12. லாங்குக்குப் பதில் எங்கேயும் 8 பைட்டாக இருக்கும் இன்ட்64_டி. சி99 தரநிலையிலேயே வந்துவிட்டது ஐயா, உங்கள் கம்பைலரில் இல்லையா? நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. இரண்டு தடவை திருப்புவது எதற்கு?

செம்பருத்தி_எம்பெடட்:
வேலன், பேக் போட்ட ஸ்ட்ரக்டில் உள்ள இன்ட்டின் முகவரியை எடுத்து வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்துப் பாருங்கள். பேக் போட்டதால் அந்த முகவரி 4-இன் மடங்காக இல்லாமல் போகலாம். எக்ஸ்86 பெருந்தன்மையாக விட்டுவிடும். கார்ட்டெக்ஸ் எம்0 என்ற குட்டி சிப்பில் நேராக ஹார்ட் ஃபால்ட், நிரல் நின்றுவிடும். சன்னின் ஸ்பார்க் ப்ராசசரில் பஸ் எரர். ஜிசிசி கம்பைலரின் 9-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஓர் எச்சரிக்கை தருகிறார்கள், பார்த்ததில்லையா?

இன்னொன்று, வெறும் கேர் என்ற ஒரு பைட் வகை எக்ஸ்86 லினக்ஸில் குறியுடன் (மைனஸ் ஏற்பதாக) இருக்கும், ஆர்ம் லினக்ஸில் குறி இல்லாமல் இருக்கும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் சென்சார் மைனஸ் 1 டிகிரி அனுப்ப, அந்தப் பக்கம் 255 என்று படித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பைட், திருப்புவதற்கு அதில் ஒன்றுமே கிடையாது. வகை என்ன என்று எங்கேயும் எழுதி வைக்காததால் வந்த வினை அது.

ஓரத்து_வாசகன்:
ஒரு சின்ன வேண்டுகோள். எந்தெந்த மெஷின்களுக்கு இடையில், எத்தனை வருடத்துக்கு, ஃபைலா நெட்வொர்க்கா என்று முதலில் முடிவு செய்துகொண்டு பேசினால் நன்றாக இருக்கும் அல்லவா? ஒருவர் ஒரே டேட்டா சென்டரைச் சொல்கிறார், இன்னொருவர் எல்லா மெஷினையும் சொல்கிறார்.

வேகவேலன்:
செம்பருத்தி அக்கா, நான் எழுதுவது கேம் சர்வர். என் வாடிக்கையாளர் யாரும் கார்ட்டெக்ஸ் எம்0-வில் கேம் விளையாடுவதில்லை. ஸ்பார்க்கா? அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறேன். இரண்டு லிட்டில் எண்டியனுக்கு நடுவில் இரண்டு தடவை திருப்புவது எதற்கு என்றுதான் காலையிலிருந்து கேட்கிறேன்.

பழங்கணினி:
இதோ பதில், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாக்கெட்டில் உள்ள ஃபோனில் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் ஓடுகிறது. அதன் ஃபைல் வடிவத்தில் எண்கள் பிக் எண்டியன். ஃபோனின் ஆர்ம் சிப் லிட்டில் எண்டியன். ஒவ்வொரு தடவை பக்கத்தைப் படிக்கும்போதும் திருப்பித்தான் படிக்கிறது. ஃபோன் சூடாகிவிட்டதா? பிஎன்ஜி படம் பிக் எண்டியன். ஜாவா கிளாஸ் ஃபைல் பிக் எண்டியன். நீங்கள் சாக்கெட் திறக்கிறீர்களே, அதில் போர்ட் எண் போடும்போது அதை பிக் எண்டியனாக்கும் எச்டிஓஎன்எஸ் எழுதுகிறீர்களா இல்லையா? அங்கே மட்டும் வலிக்கவில்லையா?

இன்டெல் 486-இலேயே திருப்புவதற்கென்று தனி கட்டளை வந்துவிட்டது. பிஸ்வாப். ஒரே கட்டளை! ஷிஃப்ட், ஆர் என்ற பிட் செயல்களை வைத்து எழுதினாலும் ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டும் புரிந்துகொண்டு அதையே போட்டுவிடும். உங்கள் பாக்கெட் நெட்வொர்க் கார்டை விட்டு வெளியே போவதற்குள் அதை எத்தனை ஆயிரம் தடவை செய்யலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேகவேலன்:
ஒரே கட்டளைதான். தேவையில்லாத ஒரே கட்டளை. அதுவும் இரண்டு தடவை.

பத்து லட்சம் ஃப்ளோட் உள்ள ஓர் அரே இருக்கிறது என்று வையுங்கள். நான் மெமரியை அப்படியே நகலெடுக்கும் மெம்காபி ஒன்றோடு முடித்துவிடுவேன், ஃபைலை நேராக மெமரியாகக் காட்டும் எம்மேப் என்றால் அதுவும் வேண்டாம். நீங்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு மெஷினில் உள்ள ஃபங்ஷனை அழைக்கும் டிசிஇ ஆர்பிசி முறையை உருவாக்கியவர்கள் இதை அந்தக் காலத்திலேயே யோசித்தார்கள். அனுப்புகிறவன் தன் வரிசையிலேயே அனுப்பி, எந்த வரிசை என்று முன்னால் ஓர் அடையாளம் வைத்துவிடுவான். தேவைப்பட்டால் வாங்குகிறவன் திருப்பிக்கொள்வான். அதுதான் அறிவு.

பழங்கணினி:
ஏன் ஒரே வரிசை என்று ஆர்எஃப்சி 4506-இலேயே ஒரு பகுதி இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. இரண்டு வரிசையையும் அனுமதித்தால், எந்த வரிசை என்று சொல்ல மேலே இன்னொரு நெறிமுறை வேண்டும். எக்ஸ்டிஆர் நெறிமுறை இல்லை, அதனால் வேண்டாம் என்று விட்டார்கள். வட்டிலோ டேப்பிலோ போட்டு வைத்தாலும் எந்த மெஷினும் படிக்கலாம். உங்கள் அடையாளத்தை நம்பி இரண்டு வழியையும் எழுதினால், இரண்டாவது வழியை யாரும் சோதித்தே பார்க்க மாட்டார்கள். ஒருநாள் பிக் எண்டியனான ஐபிஎம் இசட் மெஷின் எதிரே வந்து நிற்கும், அன்றைக்குத்தான் அது வேலை செய்யவில்லை என்று தெரியும்.

வேகவேலன்:
அதை எழுதியது யார்? சன். சன் மெஷினில் என்ன இருந்தது? முதலில் 68000 குடும்பம், பிறகு ஸ்பார்க். இரண்டுமே பிக் எண்டியன். அவர்கள் ஒரு பைட்டைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை. வாக்ஸ்-காரனும் பிசி-காரனும் திருப்பிக்கொண்டு கிடக்கட்டும் என்று எழுதி வைத்துவிட்டார்கள். உலகத்துக்கே பொதுவானதாம்.

கோடம்பாக்கம்_கோடர்:
வேலன் இந்த ஒரு இடத்தில் அடித்துவிட்டார் :)

பழங்கணினி:
கோடர், நீங்கள் போன வருடம் மெமரி வாங்கித் தரும் மேலாக் தரும் மதிப்பை கேஸ்ட் (வகை மாற்றம்) செய்துதான் தீர வேண்டும் என்று நாற்பது பதிவு போட்டவர்தானே? உங்கள் தீர்ப்புக்கு எவ்வளவு மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும்.

கோடம்பாக்கம்_கோடர்:
அது சி++ இழை. சி++-இல் கேஸ்ட் செய்யத்தான் வேண்டும். அன்றைக்கும் நீங்கள் தலைப்பைப் படிக்காமல்தான் வந்தீர்கள்.

புரோட்டோ_பாண்டி:
இரண்டு பெரியவர்களும் 1987-ஐ விட்டு வெளியே வாருங்கள். கூகுள் 2008-இல் புரோட்டோபஃபை வெளியிட்டுவிட்டது. எண் சின்னதாக இருந்தால் ஒரே பைட். எக்ஸ்டிஆரில் ஒரு பூலியனுக்கு 4 பைட் கொடுக்கிறார்கள், நான்கு பைட்! ஆம் இல்லை என்று சொல்ல 32 பிட்டா? அது மட்டுமில்லை, நாளைக்கு ஒரு புது ஃபீல்டு சேர்த்தால் பழைய நிரல் அதைத் தாண்டிப் போய்விடும். எக்ஸ்டிஆரில் ஃபீல்டுக்கு எண்ணும் கிடையாது, வகை அடையாளமும் கிடையாது. ஒன்றைச் சேர்த்தால் எல்லாமே தள்ளிப்போகும்.

பழங்கணினி:
பாண்டி, உங்கள் புரோட்டோபஃபில் இன்ட்32 என்று அறிவித்து மைனஸ் 1 அனுப்புங்கள். எத்தனை பைட் ஆகிறது என்று நீங்களே இங்கே எழுதுங்கள்.

புரோட்டோ_பாண்டி:
மைனஸ் எண்களுக்கென்றே சின்ட்32 இருக்கிறது. ஜிக்ஜாக் குறியீட்டில் ஒரே பைட்தான்.

பழங்கணினி:
நான் இன்ட்32 கேட்டேன்.

புரோட்டோ_பாண்டி:
பத்து. ஆனால் அதை யார் அப்படிப் பயன்படுத்துவார்கள்?

பழங்கணினி:
உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். பூலியனுக்கு 4 பைட் என்று அழுகிறவருக்கு மைனஸ் ஒன்றுக்குப் பத்து பைட் கண்ணுக்குத் தெரியவில்லை.

4 பைட் ஏன் என்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. 2 என்றால் சில மெஷின்களில் அலைன்மென்ட் உதைக்கும், 8 என்றால் தரவு வீங்கும், அதனால் நடுவில் 4. வேலன் தம்பிக்கும் இது சேர்த்துத்தான். ஸ்ட்ரக்டில் கேர், இன்ட், கேர் என்று மூன்று வைத்துப் பாருங்கள். பேக் இல்லாமல் சைஸ்ஆஃப் 12. எக்ஸ்டிஆரிலும் 12! நீங்கள் வீண் என்று சொல்லும் இடம் உங்கள் மெமரியிலேயே இருக்கிறது. என்ன, அங்கே நடுவில் கிடப்பது பழைய குப்பை. ஸ்டாக் மெமரியில் ஏற்கெனவே இருந்தது அப்படியே ஒட்டிக்கொண்டு சாக்கெட் வழியாக வெளியே போகும். பாஸ்வேர்டும் போகலாம், யார் கண்டது? எக்ஸ்டிஆரில் நிரப்புகிற பைட் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும்.

வேகவேலன்:
பாதுகாப்பைப் பற்றி எக்ஸ்டிஆர்-காரர் பேசுகிறாரா? 2002-இல் எக்ஸ்டிஆர்_அரே-யில் இன்டிஜர் ஓவர்ஃப்ளோ வந்து எக்ஸ்டிஆர் நிரல் உள்ள சன் ஆர்பிசி நூலகத்தை வைத்திருந்தவர்கள் எல்லாம் பேட்ச் போட ஓடினார்களே, மறந்துவிட்டதா? கணினிப் பாதுகாப்பு மையமான சிஇஆர்டி-யின் எச்சரிக்கையே வந்தது. நீளத்தை அளவால் பெருக்கும்போது வழிந்து போய்விடுகிறதா என்று பார்க்கவில்லை. என் மெம்காபி-யில் பெருக்கலே கிடையாது.

பழங்கணினி:
அது நூலகத்தில் இருந்த ஓட்டை, வடிவத்தில் இல்லை. உங்களுக்கு நூலகமும் வடிவமும் ஒன்றுதான் போலிருக்கிறது. எதிராளி அனுப்பும் நீளத்தை நம்பி மெம்காபி செய்தால் பெருக்கல் இல்லாமலேயே வழியும்.

வேகவேலன்:
லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி-யை எழுதுகிறவர்களே 2020-இல் 2.32 பதிப்பில் சன் ஆர்பிசி-யைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். அதற்கு நிரல் உருவாக்கித் தரும் ஆர்பிசிஜென்-உம் போய்விட்டது. அதற்கும் ஒரு ஆர்எஃப்சி இருக்கிறதா?

பழங்கணினி:
அதே வேலைக்கு லிப்டிஆர்பிசி என்று ஒரு தனி நூலகம் இருக்கிறது. புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 தெரியாத பழைய பிரதியை எடுத்துவிட்டு, ஐபிவி6 தெரிந்ததை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். அதைச் செத்துவிட்டது என்று படிப்பது உங்கள் திறமை.

செம்பருத்தி_எம்பெடட்:
பழங்கணினி சார், பாண்டி சொன்ன ஃபீல்டு சேர்க்கும் விஷயத்துக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லையே? எக்ஸ்டிஆரில் பதிப்பு மாறினால் என்ன செய்வீர்கள்?

பழங்கணினி:
பதிப்பு எண் மாற்றுவோம். என்எஃப்எஸ் 2, 3, 4 என்று மாற்றவில்லையா? மூன்றில் நேரத்துக்கு 32 பிட் விநாடி, நான்கில் 64 பிட். முறையாக ஆவணம் எழுதி மாற்றினார்கள். வாரத்துக்கு ஒரு ஃபீல்டு சேர்க்கிறவர்களுக்கு அது கஷ்டம்தான். முதலில் யோசித்துவிட்டு எழுதினால் ஏன் வாரத்துக்கு ஒன்று சேர்க்க வேண்டும்?

புரோட்டோ_பாண்டி:
ஒரு ஃபீல்டு சேர்க்க ஒரு ஆர்எஃப்சி எழுத வேண்டுமா? எங்கள் மேனேஜரிடம் சொல்கிறேன், சந்தோஷப்படுவார்.

வேகவேலன்:
எல்லாம் இருக்கட்டும். இரண்டு லிட்டில் எண்டியன் மெஷின். இரண்டு தடவை திருப்புகிறீர்கள். எதற்கு?

பழங்கணினி:
பதினோராவது தடவை கேட்டாலும் பதில் அதேதான், மேலே போய்ப் படியுங்கள். இந்தச் சண்டையைப் பார்த்துத்தான் கணினி விஞ்ஞானி டேனி கோஹன் 1980 ஏப்ரல் 1 அன்று, கலிவர் கதையில் முட்டையை எந்தப் பக்கம் உடைப்பது என்று அடித்துக்கொண்டவர்களின் பெயரை எடுத்து இதற்கு வைத்தார். எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, ஏதாவது ஒன்றில் எல்லோரும் ஒத்துப்போங்கள் என்றார்.

வேகவேலன்:
அப்படியென்றால் லிட்டில் எண்டியனில் ஒத்துப்போவோம். உலகம் ஏற்கெனவே போய்விட்டது.

பழங்கணினி:
அது மட்டும் நடக்காது.

ஓரத்து_வாசகன்:
யாராவது ஓர் அளவீடு எடுத்துப் போட்டால் பத்து லட்சம் ஃப்ளோட்டுக்குத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரிந்துவிடுமே?

வேகவேலன்:
திருப்பச் சொல்கிறவர்தான் எடுத்துப் போட வேண்டும்.

பழங்கணினி:
மெதுவாக இருக்கிறது என்று குற்றம் சொன்னவர் நிரூபிக்க வேண்டும். அதுதான் முறை.

கோடம்பாக்கம்_கோடர்:
நான் எடுக்கவா?

பழங்கணினி:
சி-யில் எடுப்பீர்களா, சி++-இலா? தலைப்பில் தெளிவாகப் போடுங்கள், பிறகு என்னைச் சொல்லக்கூடாது.